7,500 ரூபாய் என்று விளம்பரம், 11,780 ரூபாய் வசூல்: பிறந்தநாள் பேக்கேஜ் குறித்த புகார்

அனுப்புநர்:
இரண்டாம் வகுப்பு மாணவியின் தாய்,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.
(என் பெயரும் கைபேசி எண்ணும் உங்கள் புக்கிங் பதிவேட்டில் இருக்கின்றன.)

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
பிறந்தநாள் விழா ஏற்பாட்டு நிறுவனம்,
மார்த்தாண்டம் கிளை.

பொருள்: டிசம்பர் 3 அன்று மாலை உங்கள் ஹாலில் நடந்த பிறந்தநாள் விழாவில் கூடுதலாக வாங்கிய பணத்தைத் திருப்பித் தரக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

என் மகளின் ஏழாவது பிறந்தநாளுக்கு உங்களுடைய ‘பட்ஜெட் பேக்கேஜ்’ எடுத்திருந்தேன். விலை 7,500 ரூபாய். விழா முடிந்து கணக்கு தீர்க்கும்போது நான் கட்டியிருந்த மொத்தப் பணம் 11,780 ரூபாய். அதிகமாகப் போன 4,280 ரூபாயில் ஒரு ரூபாயைப் பற்றிக்கூட முன்கூட்டியே யாரும் எனக்குச் சொல்லவில்லை. எல்லாம் அன்று மாலை, பிள்ளைகள் சுற்றி நிற்கும்போது ஒவ்வொன்றாக ஏற்றியவை. அதை எப்படி வாங்கினீர்கள் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்றால், இனிமேல் அதை நிறுத்த வேண்டும்.

என் கணவருக்கு ரப்பர் பால்வெட்டு வேலை. மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. ஐப்பசியும் கார்த்திகையும் எங்கள் வீட்டில் எப்படிப் போகும் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, நீங்களும் இந்த ஊர்க்காரர்தானே. நான் மார்த்தாண்டத்தில் ஒரு துணிக்கடையில் நிற்கிறேன். பிறந்தநாளுக்கென்று மகளிர் குழுவில் வாராவாரம் போட்டுச் சேர்த்த பணம்தான் கையில் இருந்தது.

முதலில் வீட்டிலேயே வைக்கலாம் என்றுதான் கணக்குப் போட்டோம். பக்கத்து பேக்கரியில் ஒரு கிலோ கேக், கொஞ்சம் ரசவடை, ஒரு பாத்திரம் கேசரி, ஒரு தார் மட்டிப்பழம், எலுமிச்சை ஜூஸ், சந்தையில் ஒரு பாக்கெட் பலூன். எல்லாம் சேர்த்து 4,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஆனால் எங்கள் வீட்டில் ஒரே ஒரு பெரிய அறைதான். முற்றத்தில் பந்தல் போடலாமென்றால் அந்த மாதத்து மழை சம்மதிக்காது. இருபது பிள்ளைகளை எங்கே உட்காரவைப்பது? வகுப்பில் மற்றப் பிள்ளைகள் ஹாலில் வைத்துக் கேக் வெட்டியதை என் மகள் பார்த்திருக்கிறாள். அவள் அடம்பிடிக்கவில்லை. “நம்ம வீட்டுக்கு எல்லாரும் வருவாங்களாம்மா?” என்று மட்டும் கேட்டாள்.

அந்த நேரத்தில்தான் உங்கள் விளம்பரம் என் கைபேசியில் வந்தது. ‘ஏசி பார்ட்டி ஹால், 20 குழந்தைகளுக்கு ஸ்நாக்ஸ், ஒரு கிலோ கேக், பலூன் டெக்கரேஷன், கேம்ஸ் நடத்த ஆள், எல்லாம் சேர்த்து 7,500 மட்டும்’ என்று போட்டிருந்தது. படத்தில் கேக் மேசைக்குப் பின்னால் 5 என்ற எண் வடிவத்தில் பெரிய எல்.ஈ.டி. விளக்கும் இருந்தது. ‘எல்லாம் சேர்த்து’ என்ற சொல்லை நம்பித்தான் 2,000 ரூபாய் அட்வான்ஸ் அனுப்பினேன். டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்காக மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. எல்லாப் பிள்ளைகளும் வர வசதியாக இருக்கும் என்று அந்த நாளைத் தேர்ந்தெடுத்தோம். புக்கிங் செய்தபோது, “வேறு ஏதாவது கட்ட வேண்டியிருக்குமா?” என்று உங்கள் அலுவலகப் பெண்ணிடம் கேட்டேன். “இல்லைக்கா, பாக்கி 5,500 மட்டும் அன்னைக்குக் கொண்டுவந்தா போதும்” என்றார். அந்த உரையாடல் வாட்ஸ்அப் குரல் பதிவாக என்னிடம் இருக்கிறது. பிரதியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

இனி அன்று நடந்தது.

மழையில் நனைந்தும் நனையாமலும் பிள்ளைகள் படியேறி வந்துகொண்டிருந்தார்கள். வாசலிலேயே உங்கள் ஊழியர், “அக்கா, ஏசி போடணும்னா 800 ஆகும், போடட்டுமா?” என்றார். ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்த அறை அது. உள்ளே ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வியர்த்துக்கொண்டு நின்றார்கள். ‘ஏசி ஹால்’ என்று விளம்பரம் செய்துவிட்டு ஏசிக்குத் தனியாகப் பணம் கேட்பது என்ன நியாயம் என்று கேட்டேன். “ஹால் ஏசி ஹால்தான் அக்கா, கரண்ட் சார்ஜ் தனி” என்று பதில் வந்தது.

அடுத்தது அந்த எண் விளக்கு. மைக் பிடித்து விளையாட்டு நடத்திய தம்பி நன்றாகத்தான் நடத்தினார், அதையும் சொல்ல வேண்டும். மியூசிக்கல் சேரும் பலூன் உடைப்பதும் பிள்ளைகளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. ஆனால் கேக் வெட்டப் போகும் நேரத்தில் அவர் மைக்கில், “நம்ம பர்த்டே பேபிக்கு லைட் போட்ட ஏழாம் நம்பர் வேணுமா, வேண்டாமா? சத்தமா சொல்லுங்க!” என்றார். இருபது பிள்ளைகளும் “வேணும்!” என்று கத்தினார்கள். மைக்கைத் தாழ்த்திக்கொண்டு என் பக்கம் திரும்பி, “ஐநூறுதான் அக்கா” என்றார். அப்புறம் அதேபோல இன்னொரு முறை: “பாப்பர் வெடிக்கலாமா? ஸ்நோ அடிக்கலாமா?” மறுபடியும் “வேணும்!” அதற்கு 650.

ஐயா, அந்த இடத்தில் எந்தத் தாயால் வேண்டாம் என்று சொல்ல முடியும்? என் மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வீட்டு நிலைமை தெரியும். “வேண்டாம்மா” என்று அவளே என் காதருகில் வந்து சொன்னாள். ஏழு வயதுப் பிள்ளை, தன் பிறந்தநாளில், தன் கூட்டுக்காரர்கள் முன்னால் அப்படிச் சொல்ல வேண்டி வந்ததே என்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. “இருக்கட்டும் மக்களே” என்று மகளிடம் சொல்லிவிட்டுத் தலையாட்டினேன். உங்கள் ஊழியர் அதைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டார். பெரியவர்களிடம் தனியாகக் கேட்க வேண்டிய விலையைப் பிள்ளைகளின் வாயால் கேட்டு வாங்குவதுதான் உங்கள் வியாபார முறை என்றால், அது மிகவும் தவறான முறை. விளம்பரப் படத்திலேயே இருக்கும் விளக்குக்கு இப்படி வசூலித்தது அதைவிடத் தவறு.

அந்த 650 ரூபாய்க்குள் இன்னொரு பெரிய விஷயம் இருக்கிறது. கேக்கின் மேல் பொறி சிதறும் மெழுகுவர்த்தியைக் கொளுத்தினார்கள். அது எரிந்துகொண்டிருக்கும்போதே இன்னொரு பையன் மேசைக்குப் பக்கத்தில் நின்று ஸ்நோ ஸ்பிரே அடித்தான். நான் ஓடிப்போய் அந்தக் கேனைப் பிடுங்கினேன். அந்தக் கேன்களில் நுரையை வெளியே தள்ளுவது பியூட்டேன், புரோப்பேன் போன்ற வாயு, அதாவது நம் அடுப்பு சிலிண்டரில் இருக்கும் அதே வகை. தீப்பற்றக்கூடியது, நெருப்புக்கு அருகில் பயன்படுத்தக் கூடாது என்று கேனின் பின்பக்கத்திலேயே பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது. மேசையைச் சுற்றி நின்ற பெண்பிள்ளைகள் பாதிப் பேர் நைலான் நெட் வைத்த ஃபிராக் போட்டிருந்தார்கள். தெய்வ கிருபையால் ஒன்றும் ஆகவில்லை. ஒரு பையனின் கண்ணில் நுரை பட்டு அவன் வெகுநேரம் அழுதான். உங்களிடம் வேலை பார்க்கும் ஒரு பெண்தான் அவனைத் தூக்கிக்கொண்டுபோய்த் தண்ணீர் விட்டுக் கண்ணைக் கழுவிவிட்டார். அவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். கேக்கின் மேல்பாகம் முழுக்க நுரை படிந்துவிட்டதால் அதை வழித்துப் போட்டுவிட்டு அடிப்பாகத்தைத்தான் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம்.

திரும்பிப் போகும்போது பிள்ளைகளுக்குக் கொடுக்க என் அம்மா முந்திரிக்கொத்து செய்திருந்தார்கள். சிறுபயறை வறுத்துப் பொடித்து, தேங்காயும் எள்ளும் வெல்லப்பாகும் சேர்த்து உருட்டி, மூன்று மூன்றாக மாவில் முக்கிப் பொரித்தெடுத்து, காகிதக் கவரில் ஒரு பென்சிலோடு சேர்த்து ஒட்டி வைத்திருந்தோம். கடையில் வாங்கும் ரிட்டர்ன் கிஃப்டுக்கு ஆகும் காசில் பாதிகூட ஆகவில்லை. அதை ஹாலில் யாரும் பிரிக்கவில்லை, வாசலில் வைத்துக் கையில் கொடுத்தோம், அவ்வளவுதான். அதற்கு ‘வெளி உணவுக் கட்டணம்’ என்று 500 ரூபாய் போட்டீர்கள். எழுபது வயதை நெருங்கும் என் அம்மா இரண்டு நாள் அடுப்படியில் நின்று செய்த பலகாரம் அது. “நான் கொண்டுவந்ததாலதானே உனக்கு 500 போச்சு” என்று அவர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

பெரியவர்கள் ஆறு பேருக்குத் தலைக்கு 180 வீதம் 1,080 ரூபாய் போட்டதையும் சொல்ல வேண்டும். பிள்ளைகளை விட வந்த நான்கு தாய்மார் மழை விடாததால் ஓரமாக நின்றார்கள். யாரும் கேட்காமல் உங்கள் ஆட்களே தட்டைக் கையில் கொடுத்தார்கள். அந்த நான்கு தட்டுகளும் தொடாமலேயே திரும்ப வந்தன. என் அம்மாவும் மாமியாரும் சாப்பிட்டார்கள், அந்த 360 ரூபாய் உங்களுக்கு உரியதுதான், அதை நான் கேட்கவில்லை. தட்டுகள் தெர்மாகோல் தட்டுகள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டவை. பாக்குமட்டைத் தட்டோ வாழையிலையோ இந்த மாவட்டத்தில் கிடைக்காத பொருளா?

கடைசியாகப் பேக்கேஜ் தொகையில் பத்து சதவீதம் என்று 750 ரூபாய் ‘சர்வீஸ் சார்ஜ்’. உணவகங்கள் சர்வீஸ் சார்ஜைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. நாங்கள் உணவகம் இல்லை, விழா நடத்துகிறவர்கள் என்று நீங்கள் சொல்லலாம். சரி, அப்படியானால் அந்த 7,500 ரூபாயே சேவைக்கு வாங்கியதுதானே? சேவைக்கு மேல் இன்னொரு சேவைக் கட்டணம் எதற்கு?

இத்தனைக்கும் எனக்குக் கிடைத்தது ஒரு துண்டுக் காகிதம். அதில் நிறுவனத்தின் பெயர் இல்லை, ஜி.எஸ்.டி. எண் இல்லை. உணவு விற்பவர்கள் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணை 2022 ஜனவரி 1 முதல் ரசீதில் போட வேண்டும், அதுவும் இல்லை. முறையான பில் கேட்டதற்கு, “பட்ஜெட் பேக்கேஜுக்கு பில் கிடையாது அக்கா” என்றார்கள். காசு குறைவாகக் கொடுக்கிறவளுக்குப் பில்லும் கிடையாதா? நான் நிற்கும் துணிக்கடையில் ஐம்பது ரூபாய்க்குக் கைக்குட்டை வாங்கினாலும் பில் போட்டுத்தான் கொடுக்கிறோம்.

நான் கேட்பது இதுதான். ஏசிக்கு 800, எண் விளக்குக்கு 500, பாப்பருக்கும் ஸ்நோவுக்கும் மெழுகுவர்த்திக்கும் 650, வெளி உணவுக் கட்டணம் 500, சர்வீஸ் சார்ஜ் 750, சாப்பிடாத நான்கு தட்டுகளுக்கு 720, ஆக மொத்தம் 3,920 ரூபாயை எனக்குத் திருப்பித் தர வேண்டும். மீதித் தொகைக்கு முறையான பில் தர வேண்டும். உங்கள் விளம்பரத்தில் எது சேரும், எது சேராது, சேராததற்கு என்ன விலை என்று ஒவ்வொன்றையும் எழுதிப் போட வேண்டும். 12,000 என்று முதலிலேயே போட்டிருந்தால் நான் உங்களைத் தேடி வந்திருக்கமாட்டேன். பக்கத்து வீட்டு மைனியின் மாடியில் ஒரு தார்ப்பாயைக் கட்டி, நாங்கள் நினைத்த ரசவடையும் கேசரியுமாக அழகாக முடித்திருப்பேன். என்னைப்போல் எண்ணி எண்ணிச் செலவு செய்கிறவர்கள்தான் ‘பட்ஜெட்’ என்ற சொல்லைப் பார்த்து உங்களிடம் வருகிறார்கள். அவர்களுக்கு அந்த முழுக் கணக்கும் முன்னாலேயே தெரிய வேண்டும்.

விலை உள்ள எதையும் பிள்ளைகளிடம் மைக்கில் கேட்கக் கூடாது. எரியும் மெழுகுவர்த்தி இருக்கும் மேசையின் பக்கத்தில் ஸ்பிரே கேன் வரவே கூடாது. இந்த இரண்டுக்கும் எழுத்தில் உறுதி தர வேண்டும். ஊழியர்கள்மேல் கோபமில்லை, அவர்கள் நீங்கள் சொல்லிக் கொடுத்ததைத்தான் செய்கிறார்கள். அந்தத் தம்பியையோ கண் கழுவிவிட்ட பெண்ணையோ வேலையை விட்டு நிறுத்திவிட்டு விஷயம் முடிந்தது என்று எனக்குப் பதில் எழுத வேண்டாம்.

இந்தக் கடிதம் கிடைத்ததிலிருந்து 30 நாளுக்குள் பதில் எதிர்பார்க்கிறேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிக நடைமுறை. பதில் வராவிட்டால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். அப்புறம் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம். ஸ்நோ ஸ்பிரே விவகாரத்தைத் தீயணைப்புத் துறைக்கும், உரிம எண் இல்லாததை உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கும் தனித்தனியாக எழுதுவேன்.

பணத்தை நான் அட்வான்ஸ் அனுப்பிய அதே ஜிபே எண்ணுக்கு அனுப்பலாம். பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும்.

இணைப்பு: விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், அட்வான்ஸ் அனுப்பிய விவரம், குரல் பதிவு, உங்கள் ஊழியர் எழுதித் தந்த துண்டுக் காகிதத்தின் படம், ஸ்நோ ஸ்பிரே கேனின் பின்பக்கப் படம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
குலசேகரம்.