சிந்த்ராவுக்கு ஒரு நாள் என்றால் ஒரு அரண்மனை போதும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போர்ச்சுகலின் தலைநகர் லிஸ்பனிலிருந்து பக்கத்து மலையூரான சிந்த்ராவுக்குப் போய், அரண்மனை பார்த்து, உள்ளூர்ச் சாப்பாடு சாப்பிட்டு, ஒயின் சுவைத்துவிட்டு மாலையில் திரும்பும் ஒருநாள் சுற்றுலா பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். காலையில் பெனா அரண்மனை, அடுத்து மூர்களின் கோட்டை, பிறகு ஊருக்குள் இருக்கும் அரண்மனை, மதிய உணவு, ஒயின், கடைசியாகக் கடலோரத்து ரோக்கா முனை என்று அதில் ஒரு திட்டம் கொடுத்திருந்தார்கள். அதை நம்பிக் கிளம்புகிறவர்களுக்கு எதுவும் முழுசாகக் கிடைக்காது. பாதி நாள் வரிசையிலும் வண்டியிலும் போய்விடும். ஒயின் கிடங்குக்குப் போய்ச் சேரும்போது கதவை மூடிக்கொண்டிருப்பார்கள்.

சாப்பாடும் ஒயினும் சேர்ந்த நாளாக இருக்க வேண்டுமென்றால் பெனாவை அன்றைக்கு விட்டுவிட வேண்டும். பெனா அழகான இடம்தான். பாழடைந்து கிடந்த பழைய மடாலயத்தை 1838இல் போர்ச்சுகல் அரசியின் கணவர் ஃபெர்டினாண்ட் வாங்கி, மலை உச்சியில் சிவப்பும் மஞ்சளுமாக எழுப்பிய மாளிகை அது. அதற்குத் தனியாக ஒரு நாள் கொடுக்கலாம். மற்றவற்றோடு சேர்த்தால் மாட்டிக்கொள்வது நேரச் சீட்டில்தான். பெனாவின் உட்பகுதிக்கு நேரம் குறித்துத்தான் சீட்டுத் தருகிறார்கள். அதில் இருக்கும் நேரம் அரண்மனை வாசலுக்கானது, பூங்கா வாசலுக்கானது அல்ல. பூங்கா வாசலிலிருந்து அரண்மனைக்கு மேடேறி நடக்க அரை மணி நேரம் ஆகும். பத்தரை மணிச் சீட்டை வைத்துக்கொண்டு பத்தரைக்குப் பூங்கா வாசலில் நிற்பவர்களுக்கு உள்ளே போக வழியில்லை. மலைக்குப் போகும் சாலையோ குறுகலானது. 434 எண் பேருந்து ஒருமுறை நெரிசலில் நின்றுவிட்டால் அதற்குப் பிறகு போட்ட கணக்கெல்லாம் சரியும். கோடையில் காட்டுத்தீ அபாயம் கூடினால் மலைப் பூங்காக்களையே மூடிவிடுவார்கள், பெனாவும் அதில் சேர்த்தி. ஊருக்குள் இருக்கும் தேசிய அரண்மனைக்கு இந்தத் தொல்லை இல்லை.

அந்தத் தேசிய அரண்மனையை உங்கள் கட்டுரை ஒரே வரியில் கடந்து போயிருக்கிறது. சாப்பாட்டோடு சேர்த்துப் பார்க்க அதைவிடப் பொருத்தமான அரண்மனை சிந்த்ராவில் இல்லை. லிஸ்பன் ரோசியோ நிலையத்திலிருந்து ரயிலில் 40 நிமிடம், சிந்த்ரா நிலையத்திலிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடை. காலை ஒன்பதரைக்குத் திறந்தவுடன் உள்ளே போனால் ஒன்றரை மணி நேரத்தில் நிதானமாகப் பார்த்து முடிக்கலாம். கிழமையில் மட்டும் கவனம் வேண்டும். லிஸ்பனில் பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதால் அன்றைய கூட்டம் சிந்த்ராவுக்குத் திரும்பும். செவ்வாய் முதல் வியாழன் வரை நல்லது. ஜூலை, ஆகஸ்டிலும் மெல்லிய ஸ்வெட்டர் ஒன்று கைப்பையில் இருக்கட்டும். அட்லாண்டிக்கின் ஈரக்காற்று மலையில் மோதி மேலேறிப் பனிமூட்டமாகிவிடுவதால், லிஸ்பன் வெயிலில் காயும்போதும் சிந்த்ரா சிலுசிலுவென்று இருக்கும்.

உள்ளே அறைகளை அவற்றின் கூரையை வைத்தே நினைவில் கொள்ளலாம். அன்னங்கள் அறையின் கூரையில் 27 அன்னங்கள். அடுத்து மேக்பை பறவைகளின் அறையில் 136 பறவைகள், ஒவ்வொன்றும் ரோஜா ஒன்றைப் பற்றிக்கொண்டு, ‘நல்லெண்ணத்தோடு’ என்று பொருள்படும் வாசகத்தோடு. அரசர் முதலாம் ஜுவான் பணிப்பெண் ஒருத்தியை முத்தமிட்டதை அரசி பார்த்துவிட்டாராம், அரண்மனைப் பெண்களின் வம்புப் பேச்சு அடங்கவில்லையாம், அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு பறவையாக வரையச் சொன்னாராம். அது கதை. பின்னால் வரும் சின்னங்களின் அறை 1515க்கும் 1518க்கும் இடையில் முதலாம் மனுவேல் கட்டுவித்தது. 72 பிரபுக் குடும்பங்களின் சின்னங்கள் கூரையில், சுவர் முழுக்க நீலமும் வெள்ளையுமான ஓடுகளில் வேட்டைக் காட்சிகள். வாஸ்கோ ட காமாவைக் கோழிக்கோட்டுக்கு அனுப்பிய அரசர் இந்த மனுவேல்தான். நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு அந்த அறையில் பத்து நிமிடம் கூடுதலாக ஒதுக்கலாம். வழிகாட்டி போர்ச்சுகீசியச் சொல் ஏதாவது சொன்னால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். நம் வீட்டு ஜன்னலும் அலமாரியும் மேசையும் சாவியும் அந்த மொழியிலிருந்து வந்து தங்கியவைதான். அரியணையை இழந்த ஆறாம் அஃபோன்சோ 1683இல் சாகும்வரை அடைபட்டுக் கிடந்த அறையும் இங்கே இருக்கிறது.

சமையல்கட்டைக் கடைசியாகப் பார்க்க வேண்டும். தொலைவிலிருந்தே சிந்த்ராவை அடையாளம் காட்டும் இரண்டு வெள்ளைக் கூம்புகள் இந்தச் சமையல்கட்டின் புகைபோக்கிகள்தான். ஒவ்வொன்றும் 33 மீட்டர் உயரம். கூரைக்கு மேல் குழாய் வைத்துக் கட்டிய புகைபோக்கி அல்ல அது, அறையின் கூரையே குறுகிக் குறுகி மேலே போய்ப் புகைபோக்கியாகி முடிகிறது. நட்டநடுவில் நின்று நிமிர்ந்து பார்த்தால் உச்சியில் கையகல வெளிச்சம் தெரியும். வேட்டையாடிய மானையும் பன்றியையும் அரசரின் கூட்டம் முழுமைக்கும் ஒரே நேரத்தில் வாட்டும்போது எழுகிற புகை, பக்கத்து அறைக்குத் திரும்பாமல் நேராக மேலேற இந்த வடிவம் தேவைப்பட்டது. இதைப் பார்த்துவிட்டு நேரே தின்பண்டக் கடைக்குப் போவது சரியான வரிசை.

சிந்த்ராவின் பெயர் சொல்லும் பண்டம் கெய்ஜாடா. உப்பில்லாத புதுப் பாலாடைக்கட்டி, சர்க்கரை, முட்டை மஞ்சள்கரு, கொஞ்சம் மாவு, பட்டைத்தூள் சேர்த்த பூரணத்தை, அப்பளம் போல் மெல்லிசாகத் திரட்டிய மாவுக் கிண்ணத்தில் ஊற்றிச் சுடுவார்கள். விரலால் தட்டினால் ஓடு மொறுமொறுவென்று இருக்க வேண்டும். பூரணத்தின் ஈரம் ஏறி ஓடு வதங்கியிருந்தால் அது காலையில் சுட்டதல்ல. ஆறு ஆறாகக் காகிதத்தில் சுற்றி விற்கிறார்கள், அப்படி வாங்குவதே வழக்கம். இன்னொன்று திரவெசெய்ரோ. தலையணை என்று பொருள். அடுக்கடுக்கான மாவுக்குள் பாதாமும் முட்டையும் கிளறிய பாகு. இதைச் சூடாகத்தான் சாப்பிட வேண்டும், பெட்டியில் கட்டி ஓட்டலுக்குக் கொண்டுபோனால் அடுக்குகள் சேர்ந்து ரப்பர் போலாகிவிடும். இரண்டிலும் முட்டை உண்டு. பழைய முறைப்படி பிசையும் மாவில் பன்றிக் கொழுப்பும் சேர்வதுண்டு என்பதால் சைவர்கள் கேட்டு வாங்க வேண்டும்.

சுற்றுலா நடத்துகிறவர்களில் பலர் இந்த இனிப்பை ஒயினோடு சேர்த்துத் தட்டில் வைக்கிறார்கள். அது தவறு. நாக்கில் சர்க்கரை இருக்கும்போது இனிப்பில்லாத ஒயினைக் குடித்தால் அதன் புளிப்பும் துவர்ப்பும் மட்டுமே தெரியும். நல்ல ஒயினையே கெட்டுப்போனது என்று நினைக்கத் தோன்றும். கெய்ஜாடா பதினொரு மணிக்கு, ஒரு சின்னக் கோப்பைக் கடுங்காப்பியோடு. ஒயின் பிற்பகலில்.

மதியம் பன்னிரண்டரைக்கே உட்கார்ந்துவிடுங்கள். மூன்று மணிக்கு மேல் பல சமையலறைகள் அடுப்பை அணைத்துவிடும். உட்கார்ந்ததும் ரொட்டி, ஆலிவ், பாலாடைக்கட்டி, வெண்ணெய் என்று கேட்காமலே மேசைக்கு வரும். அது இலவசம் இல்லை, தொட்டால் காசு. நீங்கள் கேட்காமல் வந்ததைத் தொடாமல் வைத்திருந்தால் அதற்குப் பணம் வாங்க அந்த நாட்டுச் சட்டத்தில் இடமில்லை. வேண்டாமென்றால் உடனே எடுத்துக்கொண்டு போகச் சொல்லலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். சுட்ட மீனின் விலை பல இடங்களில் கிலோவுக்குப் போட்டிருக்கும். சமைப்பதற்கு முன்னால் மீனைக் காட்டி எடை சொல்லச் சொன்னால் பில் வரும்போது திடுக்கிட வேண்டியிராது. இறைச்சி சாப்பிடுகிறவர்களுக்கு, இதே வட்டாரத்து நெக்ராயிஷ் ஊர்ப் பெயரில் வரும் வாட்டிய பன்றிக்குட்டி புகழ்பெற்றது. சைவர்கள் பச்சைக்கீரை சூப்பை நம்பிச் சொல்லிவிடுவார்கள். உருளைக்கிழங்கை மசித்துக் கீரையை நூலாக அரிந்து போடும் அந்தச் சூப்பில் கடைசியில் ஒரு வில்லை பன்றித் தொத்திறைச்சி மிதக்கும். ‘இறைச்சி இல்லாமல்’ என்று சொன்னால் வில்லையை மட்டும் எடுத்துவிட்டுக் கொடுப்பார்கள். சூப்புக்கான தண்ணீரும் இறைச்சி வேகவைத்ததா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

இனி ஒயின். கட்டுரையில் பெரிய குறை இங்கேதான். ‘உள்ளூர் ஒயின்’ என்று சொல்லிவிட்டு, சிந்த்ராவின் ஒரு கடையில் போர்ட் ஒயின் சுவைத்ததை எழுதியிருக்கிறார்கள். போர்ட் வருவது நாட்டின் வடக்கே, தோரு ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து. உள்ளூர் ஒயின் என்றால் கொலாரிஷ். சிந்த்ராவுக்கு மேற்கே ஆறேழு கிலோமீட்டரில், கடலோரத்தை ஒட்டிய ஊர். 1908இல் தனி ஒயின் வட்டாரமாக எல்லை வகுக்கப்பட்ட பகுதி. ஒருகாலத்தில் 1,000 ஹெக்டேருக்கு மேல் இருந்த கொடித்தோட்டம், வீட்டுமனைகளுக்கு இரையாகி இன்று சில பத்து ஹெக்டேராகச் சுருங்கிவிட்டது. இருக்கும்போதே போய்ப் பார்க்க வேண்டிய இடம்.

அங்கே திராட்சை மணலில் வளர்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஃபிலாக்சரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பாவின் கொடிகளை அழித்தபோது, பெரும்பாலான இடங்களில் அமெரிக்கக் கொடியின் வேரில் ஒட்டுக்கட்டித்தான் பிழைக்க முடிந்தது. தளர்ந்த மணலில் அந்தப் பூச்சியால் நகர முடியாததால் கொலாரிஷின் கொடிகள் இன்றும் சொந்த வேரில் நிற்கின்றன. ஆனால் வெறும் மணலில் கொடி நிலைக்காது. மணலுக்கு அடியில் இருக்கும் களிமண் வரைக்கும் பள்ளம் தோண்டி நட்டு, கொடி வளர வளர மணலைத் தள்ளி மூடுவார்கள். ஆழம் பல இடங்களில் ஓர் ஆள் உயரத்தைத் தாண்டும். பள்ளம் சரிந்தால் மூச்சுவிடக் கொஞ்சம் காற்றாவது இருக்கட்டும் என்று, தோண்டுகிறவர்கள் அந்தக் காலத்தில் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு இறங்கினார்கள். பந்தல் கிடையாது. கடற்காற்றுக்குப் பயந்து கொடி தரையோடு தரையாகப் படரும், சுற்றிலும் நாணல் தட்டி. காய் பழுக்கத் தொடங்கியதும் சூடான மணலில் பட்டு வெந்துபோகாமல் இருக்கக் கொடிக்கு அடியில் சின்னச் சின்னக் குச்சிகளை முட்டுக்கொடுத்துத் தூக்கிவிடுவார்கள். இதைப் பார்க்க ஆகஸ்ட், செப்டம்பர் ஏற்றது. குளிர்காலத்தில் மணலில் கிடக்கும் மொட்டைக் கட்டைகள்தான் தெரியும், அப்போது கிடங்கோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கிடங்கு என்றால் 1931இல் தொடங்கிய கூட்டுறவுக் கிடங்கு அங்கே இருக்கிறது. தனியார் தயாரிப்பாளர்களும் உண்டு. எங்கே போவதானாலும் முன்கூட்டி எழுதி நேரம் வாங்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்க்க வேண்டும். முதலில் மால்வசியா என்ற வெள்ளை, பிறகு ரமிஸ்கோ என்ற சிவப்பு. வெள்ளையில் கடல் உப்பின் வாடை லேசாக இருக்கும். ரமிஸ்கோ தோல் தடித்த சின்னப் பழம். இளசாகக் குடித்தால் நெல்லிக்காயைக் கடித்தது போல நாக்கைப் பிடிக்கும். அந்தத் துவர்ப்பு அடங்கத்தான் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து வெளியே விடுகிறார்கள். எனவே எந்த ஆண்டு ஒயின் என்று கேட்பது முக்கியம். பத்தாண்டு தாண்டியது ஒன்றும் புதியது ஒன்றுமாகப் பக்கத்தில் வைத்துச் சுவைத்தால் விஷயம் புரிந்துவிடும்.

ஒரு சுவைப்புக்கு 50 மில்லி ஊற்றுகிறார்கள் என்று கொள்வோம். நான்கு வகைக்கு 200 மில்லி. 12 சதவீத ஒயினில் அது ஏறத்தாழ 19 கிராம் ஆல்கஹால். துப்புவதற்கு வைத்திருக்கும் பாத்திரத்தைப் பயன்படுத்துவது அங்கே மரியாதைக் குறைவு இல்லை. போர்ச்சுகலில் வண்டி ஓட்டுகிறவரின் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் எட்டினாலே குற்றம். புதிதாக உரிமம் வாங்கியவர்களுக்கும் தொழில்முறை ஓட்டுநர்களுக்கும் 0.2தான். வாடகைக் காரில் வரும் குடும்பத்தில் ஒருவர் குடிக்காமல் இருந்தாக வேண்டும். வழிகாட்டியுடன் போவதில் இருக்கும் பெரிய வசதியே இதுதான்.

அப்படி வழிகாட்டிச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டும் முன், ‘அரண்மனை’ என்றால் உள்ளே போவதா, வெளியே நின்று படம் எடுப்பதா என்று கேளுங்கள். வழிகாட்டி கூடவே உள்ளே வருவாரா, அல்லது ஓட்டுநர் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுவாரா? நுழைவுச் சீட்டும் மதிய உணவும் கட்டணத்தில் சேர்ந்தவையா? சுவைக்கத் தரும் ஒயினின் பெயர் என்ன? கடைசிக் கேள்விக்குக் ‘கொலாரிஷ்’ என்ற பதில் வராவிட்டால் வேறு ஆளைப் பார்க்கலாம்.

கொலாரிஷ் கூட்டுறவுக் கிடங்கின் புட்டி அரை லிட்டர். இந்தியாவுக்குத் திரும்பும்போது ஒருவருக்கு 2 லிட்டர் வரை மதுவுக்குச் சுங்கவரி இல்லை, ஆக நான்கு புட்டி கணக்கு. கைப்பெட்டியில் விடமாட்டார்கள், சரக்குப் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைக்க வேண்டும். கெய்ஜாடா பொட்டலத்தைக் கைப்பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள், அடியில் போட்டால் ஓடு நொறுங்கிவிடும்.

இப்படிக்கு,
சுற்றுலா வழிகாட்டி ஒருவர்,
லிஸ்பன்