எட்டு விசிலையும் எண்ணிய ஆச்சிக்கு

நேற்று மத்தியானம் என் மனைவி இரண்டாம் முறை ரசம் கேட்டாள். "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க", அவ்வளவுதான். நான் கரண்டியோடு அடுப்படிக்குள் போனவன் ஐந்து நிமிடம் வெளியே வரவில்லை. அதனால்தான் இதை இன்றைக்கே எழுதுகிறேன். நாளைக்குத் தள்ளினால் மனசு தெளிந்து, அழகாக எழுத ஆரம்பித்துவிடுவேன்.

நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அந்த ராத்திரியிலிருந்து வீடு திரும்பிய நாள் வரைக்கும் கூடவே இருந்தவர்கள் நீங்கள்தான், மறுபடி சொல்ல எனக்குத் தெம்பும் இல்லை. இரண்டு மணிக்குக் கதவைத் தட்டியதும் சட்டைகூட மாற்றாமல் கார் எடுத்த மாடி வீட்டுக்காரர், ரத்தம் கொடுக்க வரிசையில் நின்ற ஆபீஸ் பையன்கள், மகளைத் தன் பிள்ளைகளோடு பிள்ளையாகப் பள்ளிக்கூடம் அனுப்பிய அவளுடைய தோழி, ஊரிலிருந்து வந்து வராந்தாவிலேயே படுத்துக்கிடந்த மைத்துனர், கணக்கு அப்புறம் பார்த்துக்கலாம் என்று மருந்தை வீட்டுக்கே கொண்டுவந்த கடைத் தம்பி, முறை வைத்துத் தூக்குவாளியில் சோறு அனுப்பிய நாலு குடும்பங்கள். எல்லோரையும் ஒரே வாக்கியத்தில் அடைத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் வருகிறேன்.

மிச்சமுள்ள இடம் முழுக்க எதிர் ஜன்னல் ஆச்சிக்கு.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னது: வெளிச் சாப்பாடு கூடாது, உப்பு காரம் எண்ணெய் மூன்றும் மட்டாக, வீட்டிலேயே செய்து கொடுங்கள். பலமாகத் தலையாட்டினேன். 14 வருடக் குடித்தனத்தில் எனக்கு வைக்கத் தெரிந்தது காபியும் வெந்நீரும்தான். வீட்டில் முட்டைகூடப் புழங்குவதில்லை, அதனால் ஆம்லெட் போட்டுச் சமாளிக்கலாம் என்ற வழியும் அடைபட்டுப்போனது.

முதல் நாள் சாம்பார். நேரம் மிச்சமாகுமே என்று துவரம்பருப்பு, புளித்தண்ணீர், உப்பு, பொடி எல்லாவற்றையும் ஒன்றாகக் குக்கரில் போட்டு மூடினேன். நாலு விசிலுக்குப் பருப்பு கல்லாக இருந்தது. மறுபடி மூடி இன்னும் நாலு விட்டேன். அப்போதும் நறநற என்றுதான் இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும்போது ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல்.

"தம்பி, எட்டு விசில் எண்ணிட்டேன். புளியை எப்பம் விட்டீய?"

எங்கள் அடுப்படி ஜன்னலுக்கும் அவர்கள் ஜன்னலுக்கும் நடுவில் ஆறடிச் சந்துதான். இத்தனை வருடத்தில் அந்தக் கம்பிக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தலையைப் பார்த்திருக்கிறேனே தவிர, ஒரு வார்த்தை பேசியதில்லை. முதலிலேயே விட்டுவிட்டேன் என்றேன். "அப்பம் விடிய விடிய வச்சாலும் வேகாது. பருப்பு குழைஞ்ச பொறவுதான் புளி" என்றார்கள். பருப்பை இறுக்கிப் பிடித்திருக்கும் பெக்டின் என்ற பசை புளிப்பு பட்டால் இளகிக் கொடுக்காது என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஆச்சிக்கு அந்தப் பெயரெல்லாம் வேண்டியிருக்கவில்லை, எட்டு விசிலும் ஒரு புளி வாசனையும் போதுமாக இருந்தது.

அன்றைக்கு அவர்கள் ஒரு கிண்ணம் குழம்பு அனுப்புவார்கள் என்று எதிர்பார்த்தேன். அனுப்பவில்லை. கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது, ஒளிப்பானேன். மறுநாள் காலை பத்து மணிக்கு நான் வாணலியை வைத்த சத்தம் கேட்டதும் நாற்காலி இழுபடும் சத்தம் அந்தப் பக்கம் கேட்டது. அதற்கப்புறம் ஒரு மாதத்துக்கு மேல் தினமும் அதே நேரம், அதே நாற்காலி.

ஆச்சி எனக்கு அளவு சொல்லித்தரவே இல்லை. எத்தனை ஸ்பூன் என்று கேட்டால், "உங்க ஸ்பூனு எனக்குத் தெரியுமா?" என்பார்கள். சொல்லித்தந்தது முழுக்க சத்தமும் வாசனையும்தான். கடுகு ஒன்றிரண்டு மட்டும் வெடிக்கும்போது உளுந்தைப் போடக்கூடாது, படபடவென்று பொரிந்து அடங்கப்போகும் நேரத்தில் போட வேண்டும். வெண்டைக்காய் வதங்கும்போது முதலில் ஈரமாகச் சத்தம் வரும், கொழகொழப்பு போனதும் சத்தம் வறண்டுவிடும், அதுவரை உப்பும் தண்ணீரும் காட்டாதே. கீரையை மட்டும் மூடிப் போடாமல் வேகவை, மூடினால் பச்சை செத்துப்போகும். ரசத்தில் சத்தம் கேட்டால் தப்பு, ஓரத்தில் நுரை கட்டி ஏறும்போதே இறக்கிவிடு. மோர்க்குழம்பும் அப்படித்தான், கொதிக்கவிட்டால் திரிந்துவிடும். (திரிந்தது. இரண்டு தடவை.)

காரம் ஆகாது என்று நான் புலம்பியபோது, மிளகாயை மறந்துட்டு மிளகைத் தட்டிப் போடுங்க என்றார்கள். மிளகாய் சுமார் 500 வருடத்துக்கு முன்னால் போர்ச்சுக்கீசியர்களோடு கப்பலில் வந்திறங்கிய சரக்குதானே. அதற்கு முன் நம் ஊர்க் காரம் மிளகுதான், வந்த காய்க்குப் பெயர் வைக்கும்போதும் நம்மவர்களுக்கு மிளகுதான் வாயில் வந்திருக்கிறது. நேற்று அவள் இரண்டாம் முறை கேட்ட ரசம் அந்த மிளகு ரசம்தான்.

மூன்றாவது வாரம் துணிந்து கேட்டேன், நீங்கள் ஏன் ஆச்சி சமைப்பதில்லை? கையைக் கம்பி வழியாக நீட்டிக் காட்டினார்கள். விரல்கள் ஒரு நிலையில் நிற்கவில்லை. "ரெண்டு வருசமா அடுப்புப் பக்கம் விடமாட்டாங்க. அவுக சொல்றதும் சரிதான், கொதிக்கிற எண்ணெய் இல்லா? காது மட்டும் இன்னும் நல்லாருக்கு." அதைச் சொல்லிவிட்டு உடனே, "தம்பி, பருப்பு அடிப்பிடிக்கு, கிண்டுங்க" என்றார்கள். பிடித்துத்தான் இருந்தது.

அவள் கொஞ்சம் தேறியதும் ஆச்சியே ஆசைப்பட்டுச் சொன்னது சொதி. திருநெல்வேலிப் பக்கம் கல்யாணம் முடிந்த மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடும் விருந்துக் குழம்பு அது. தேங்காயை மூன்று முறை பிழிந்து, காய்களைத் தண்ணிப் பாலில் வேகவைத்து, குழைந்த பாசிப்பருப்பைச் சேர்த்து, கெட்டியான முதல் பாலைக் கடைசியில் விட்டு, ஓரத்தில் நுரைக்கும்போதே அடுப்பை அணைத்து, சூடு தணிந்த பிறகு எலுமிச்சை பிழிய வேண்டும். அன்று ஒரு மணி நேரம் ஆச்சி நாற்காலியில் உட்காரவே இல்லை. முடிந்ததும் ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு முதல்முறையாக வாசல் வழியாக அந்த வீட்டுக்குப் போனேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "இஞ்சி பத்தல" என்றார்கள்.

ஆச்சி, இத்தனை வருடம் அதே அடுப்படியில் என் மனைவி தினமும் கடுகு தாளித்த சத்தம் பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்த என் காதில் விழுந்ததே இல்லை. இனிமேல் ஞாயிறும் புதனும் அடுப்பு என்னுடையது என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் நம்பாமல் சிரித்தாள், சிரிக்கட்டும். இந்த இரண்டு நாளும் பத்து மணிக்கு ஜன்னலைத் திறந்து வைக்கிறேன், நாற்காலியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

தூக்குவாளி அனுப்பியவர்களுக்கு ஒரு விஷயம். எங்கள் வீட்டில் இப்போது ஏழு பாத்திரங்கள் இருக்கின்றன. மூன்றில் பெயர் வெட்டியிருக்கிறது, அவற்றை நானே கொண்டுவருகிறேன். மற்ற நான்கு யாருடையவை என்று தெரியவில்லை, ஒன்றின் கைப்பிடியில் பச்சை நூல் சுற்றியிருக்கிறது. அடையாளம் சொல்லி அனுப்புங்கள். வெறும் பாத்திரமாகத் திருப்பக்கூடாது என்பதால் எல்லாவற்றிலும் சொதி இருக்கும். இந்தத் தடவை இஞ்சி கூடப் போட்டிருக்கிறேன்.