உயிரோடு இருந்து எழுதும் நன்றி நவிலல்

எங்கள் ஊரில் நன்றி நவிலல் என்றால் பெரும்பாலும் ஒருவர் இறந்து 31 ஆம் நாள், அந்தியேட்டி அழைப்போடு சேர்ந்து வருவது. வைத்தியர் முதல் பந்தல் போட்டவர் வரை எல்லோருக்கும் அதில் நன்றி இருக்கும். உண்மையில் அந்த நன்றியைச் சொல்லவேண்டியவர் மட்டும் இருக்கமாட்டார். 2024 மார்ச்சில் என் பெயரிலும் அப்படி ஒன்று அச்சாகும் நிலைதான் இருந்தது. அதைத் தடுத்தவர்களுக்கு, யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் என் வீட்டு விறாந்தையில் இருந்து நானே எழுதுகிறேன்.

முதல் வணக்கம் முகம் தெரியாத அந்தக் குடும்பத்துக்கு. மூளைச்சாவடைந்த தங்கள் பிள்ளையின் இரண்டு நுரையீரல்களையும் எனக்குத் தந்தவர்கள். இந்தியர் எவருக்கும் பொருந்தாதபோதுதான் இந்தியாவில் வெளிநாட்டவருக்கு உறுப்புக் கிடைக்கும். ஒக்சிசன் குழாயோடு சென்னையில் ஒரு வாடகை அறையில் ஏழு மாதம் காத்துக் கிடந்தோம். உறுப்புத் தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கை 2023 செப்டெம்பர் தொடக்கம் தமிழ்நாடு அரசு அரச மரியாதையோடு நடத்துகிறது. அந்தப் பிள்ளைக்கு அது நடந்த நேரம் நான் நினைவில்லாமல் கிடந்திருப்பேன். அந்த வீட்டு வாசலில் ஒருநாள் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கவேண்டும். யார் எவர் என்று சொல்லமாட்டார்கள். ஆனாலும் ஆசை விடவில்லை.

எல்லோரும் என்னிடம் மூச்சைப் பற்றித்தான் கேட்கிறார்கள். மூச்சு நன்றாகவே வந்தது. விழுந்தது சிறுநீரகம். நீண்ட சத்திரசிகிச்சையில் இரத்த அழுத்தம் இறங்கியது ஒரு காரணம். புது நுரையீரலை உடல் தள்ளிவிடாமல் காக்கிற டக்ரோலிமஸ் குளிசை சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும் என்பது இன்னொன்று. புது நுரையீரலில் நீர் தேங்கக்கூடாது, சிறுநீரகத்துக்கோ நீர் வேண்டும். அந்த இரண்டுக்கும் நடுவில் மணிக்கு மணி கணக்குப் பார்த்து என்னைக் கொண்டுபோன வைத்தியர்களை நினைக்காமல் நான் ஒரு நாளும் தண்ணீர் குடிப்பதில்லை.

ஆறு கிழமை டயலிசிஸ். கிழமைக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணித்தியாலம். கட்டிலோரம் தொங்கிய சிறுநீர்ப் பை வெறுமையாகவே கிடக்கும். ஒரு விடியப்புறம் ஒரு தாதி குனிந்து, கைபேசி வெளிச்சத்தைப் பையில் பிடித்து, விரலால் தட்டிப் பார்த்தார். "அப்பா, நாப்பது எம்எல் வந்திருக்குப்பா!" என்று அவர் சொன்னபோது அவருடைய குரல் உடைந்தது. அரைக் கோப்பை கூட இல்லை. என் மனைவி அதைக் கேட்டு, அந்தத் தாதியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். தங்கச்சி, உங்களுடைய பெயரை எழுத எனக்கு அனுமதியில்லை. நீங்கள் இதை வாசித்தால் உங்களுக்கே தெரியும்.

காசு தந்தவர்களின் பட்டியல் பெரியது. கனடா, சுவிஸ், லண்டன் என்று பரந்துபோன வகுப்புத் தோழர்கள், கந்தோர் நண்பர்கள், அயலவர்கள். தன் காப்பு இரண்டையும் பழைய சீலைத் துண்டில் முடிந்து தந்த என் அக்காவுக்கு நான் என்ன சொல்ல? "நீ இருந்தால் காப்பு வரும்" என்றதோடு அவர் கதையை முடித்துவிட்டார்.

ஊருக்குத் திரும்பிய பிறகும் ஒரு கண்டம் வந்தது. இருமலுக்கு ஓரிடத்தில் கிளாரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி தந்தார்கள். நான் எடுக்கும் குளிசைகளின் துண்டைக் காட்டினேன், அதை வாங்கிப் பார்க்கவில்லை. அந்த மருந்து டக்ரோலிமஸை இரத்தத்தில் ஏற்றிவிடும். ஐந்தாம் நாள் தேத்தண்ணிக் கோப்பை பிடிக்க முடியாமல் கை நடுங்கியது. சிறுநீரகம் பழுதாகப் பழுதாக இரத்தத்தில் ஏறும் கிரியாட்டினின், 1.8 இல் நின்றது 3.1 ஆகியிருந்தது. அன்றைக்கே பிடித்து நிறுத்தி, மறுபடி டயலிசிஸுக்குப் போகாமல் காத்தவர்கள் யாழ் போதனா வைத்தியசாலையின் சிறுநீரகப் பிரிவினர். என்னைப் போல மருந்து எடுப்பவர்கள், வேறு எந்தக் குளிசையையும், நோவுக்கு டைக்குளோபினக்கைக் கூட, உங்கள் வைத்தியரைக் கேட்காமல் விழுங்காதீர்கள். காமரங்காயும் வேண்டாம், பழுதான சிறுநீரகத்துக்கு அது நஞ்சு.

டக்ரோலிமஸ் அளவு பார்க்க, காலைக் குளிசைக்கு முன்னரே இரத்தம் எடுக்கவேண்டும். அதற்காகக் கடை திறக்கும் நேரத்துக்கு முன்பே வீட்டுக்கு வந்து எடுத்துப்போகிற ஆய்வுகூடத் தம்பிக்கும், கிணற்றுத் தண்ணீரை ஒவ்வொரு நாளும் கொதிக்கவைத்து ஆறவிடும் என் மகளுக்கும் நன்றி.

கடைசியாக, பக்கத்து வீட்டுப் பெடியனுக்கு. சின்ன வயதிலிருந்து புறா வளர்த்தவன் நான். எச்சத்தில் வரும் பூஞ்சணம் இனி எனக்கு ஆகாது என்றதும், இருபத்திரண்டையும் அவன்தான் அச்சுவேலிக்குக் கொண்டுபோனான். அவை விடுவதாக இல்லை, இரண்டு மூன்றாய்த் திரும்பி வந்து கூரையில் இருக்கின்றன. நான் யன்னலைச் சாத்திவிட்டு அவனுக்கு அழைப்பேன். "அங்கிள், வெளியிலை வராதேங்கோ, இந்தா வாறன்" என்பான். மோட்டார் சைக்கிளில் கூடையைக் கட்டிக்கொண்டு வந்து, ஏணி வைத்து ஏறி, ஒவ்வொன்றாகப் பிடிக்கிறான். இன்று காலையும் இரண்டு வந்தன. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.