பத்தமடை ராத்தாவுக்கும், அன்று தேடித் திரிந்த எல்லோருக்கும்

அம்மா சுகமாக இருக்கிறார். ராத்திரி நன்றாகத் தூங்கினார், காலையில் பிட்டும் மீன்குழம்பும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். விசாரித்து போன் எடுத்த எல்லோருக்கும் தனித்தனியே பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்த மடல். மறதி வந்த அம்மா அன்று மட்டக்களப்பு காந்தி பூங்காப் பக்கம் இந்தியக் கைவினைச் சந்தையில் காணாமல் போனது ஊருக்கே தெரியும். அதை மறுபடி எழுத மனம் வரவில்லை.

மைக்கில் அம்மாவின் அடையாளத்தைத் திரும்பத் திரும்பச் சொன்ன ஏற்பாட்டுக் குழுப் பிள்ளைகள், கல்லடிப் பாலம் வரைக்கும் ஓட்டோவில் போய்த் தேடிய தம்பிமார், மருதமுனைச் சாரம் விற்ற கடையை அப்படியே விட்டுவிட்டு டோர்ச்சுடன் வாவிக்கரை முழுக்க நடந்த நானா, பொலிஸ்காரர்கள், படத்தைப் பகிர்ந்த அத்தனை பேர்: உங்களில் ஒருவருடைய கடனைக்கூட என்னால் தீர்க்க முடியாது.

ஆனால் அம்மா இருந்த இடம் எங்கள் யாருக்கும் தோன்றவேயில்லை. பத்தமடைப் பாய்க் கடை. திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்திருந்த அந்த ராத்தா, வழி தெரியாமல் வந்து நின்ற அம்மாவிடம் பேரையோ ஊரையோ கேட்டுக் குடையவில்லை. அப்படிக் கேட்டால் இப்போது அம்மா பதறிப்போவார். அம்மாவின் விரல்கள் பாயின் ஓரத்தைத் தடவித் தடவிப் பார்த்ததை மட்டும் கவனித்திருக்கிறார். "உக்காருங்கம்மா" என்று பக்கத்தில் இடம் விட்டு, ஒரு பிடி கோரையில் தண்ணீர் தெளித்துக் கையில் கொடுத்திருக்கிறார்.

பத்தமடைப் பாய் தறியில் நெய்வது. கோரையை ஊறவைத்து, மயிரிழை போலக் கீறி, பருத்தி நூல் பாவில் கோத்து நெய்வார்கள். கல்யாணப் பாயில் பெண் மாப்பிள்ளை பெயரைக்கூட நெய்துவிடுவார்கள். பன்புல்லில் இழைக்கிற எங்கள் ஊர்ப் பன்பாய்க்குத் தறி கிடையாது. தரையில் குந்தியிருந்து வெறுங்கையால் இழைப்பதுதான். அம்மா சின்ன வயதிலிருந்து இழைத்தவர். என் பள்ளிக்கூடச் செலவெல்லாம் அந்தப் பாய்களில் வந்ததுதான். கிழமை மறந்து, ஆட்களை மறந்து, சில நாட்களில் என்னையே மறந்துபோகிற அம்மாவுக்கு, கோரை கையில் பட்டதும் விரல்கள் தாமாகவே ஓடத் தொடங்கியிருக்கின்றன.

நான் போய்ச் சேர்ந்தபோது பக்கத்தில் கலம்காரித் துணிக்கடையிலும் சன்னபட்டணா மரப்பொம்மைக் கடையிலும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். ராத்தா மட்டும் விளக்கை அணைக்காமல், அதை அம்மாவின் மடிப்பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார். சிவப்புச் சாயம் ஏற்றிய நல்ல கோரை அம்மாவின் கையில் உள்ளங்கையளவு பாயாகியிருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் "வீட்ட போவம்" என்று கேட்கிற அம்மா, அங்கே ஒருதரமும் கேட்கவில்லையாம்.

அழுதுகொண்டே காசை நீட்டினேன். ராத்தா என் கையைத் தள்ளிவிட்டார். "ஒங்கம்மா இந்த மூலைய மடக்கியிருக்கறதப் பாருங்க. எங்க ஊர்ல இப்படி யாரும் மடக்க மாட்டாங்க. அவங்கதான் எனக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க." சொல்லிக்கொண்டே அந்த மூலையை விரித்து, திரும்ப மடக்கிப் பார்த்தார்.

மறதி வந்தவர்களுக்கு நாம் நாள் முழுக்கப் பரீட்சை வைக்கிறோம். நான் யார் சொல்லுங்க, காலையில் என்ன சாப்பிட்டீங்க என்று. பாசத்தில் கேட்பதுதான், ஆனாலும் பதில் வராதபோது அந்த முகம் வாடுவதை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். ராத்தா அம்மாவைத் தொழில் தெரிந்த ஒரு பெண்ணாக நடத்தினார். இத்தனை காலத்துக்குப் பிறகு அம்மாவுக்குக் கிடைத்த பெரிய மரியாதை அது.

இனி எங்கள் வீட்டில் பன்புல் தீராது. அம்மாவோடு இழைத்த மாமிமார் இன்னும் இருக்கிறார்கள், அவர்களிடம் சொல்லிவிட்டேன். அம்மாவின் பக்கத்தில் குந்தியிருந்து அந்த மூலை மடக்கலை நானும் பழகுவேன். ஒழுங்காக வருகிற முதல் பாய் பத்தமடைக்குப் போகும். ராத்தாவின் விலாசம் ஏற்பாட்டுக் குழுவில் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து தாருங்கள்.

அப்புறம் இன்னொன்று. அம்மா வெறுங்காலோடு நின்றதைப் பார்த்து யாரோ ஒரு பிள்ளை தன் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். நீல வார், கிட்டத்தட்டப் புதுசு. கழுவி வைத்திருக்கிறேன். யாருடையது என்றாலும் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் வந்தால் சோறும் சாப்பிட்டுப் போகலாம்.