மார்ஜியும் மார்கோட்டும், நம் வீட்டு மொட்டைமாடி வெயிலும்

கிளாஸ்கோ
பிப்ரவரி 22

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணன் எழுதிக்கொண்டது. இங்கே நான் நலம். அங்கே அப்பா, அம்மா, ஆச்சி, அக்கா, அத்தான், குழந்தைகள் அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

நீ கைப்பட எழுதியனுப்பிய கடிதம் பொங்கல் கழிந்த வாரமே எனக்குக் கிடைத்துவிட்டது. ஐந்து வாரமாகப் பதில் எழுதாமல் இருந்தது என் தவறுதான், மன்னித்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் பேசும்போது என்ன சாப்பிட்டாய், ஏன் இளைத்திருக்கிறாய் என்று அம்மாவும் ஆச்சியும் மாறி மாறிக் கேட்பதற்குள் நேரம் போய்விடுகிறது, நீ பின்னால் நின்று கையை அசைத்துவிட்டுப் போய்விடுகிறாய். இரண்டு அறிவியல் சிறுகதைகளை எடுத்துக்கொண்டு, பாத்திரப் படைப்பையும் கருப்பொருளையும் ஒப்பிட்டுக் கட்டுரை எழுத வேண்டும், அசிமோவின் ‘தி ஃபன் தே ஹேட்’ கதையையும் பிராட்பரியின் ‘ஆல் சம்மர் இன் எ டே’ கதையையும் எடுத்திருக்கிறேன், எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். அதற்கான பதிலை எழுதாமல் வேறு எதையும் எழுதக் கூடாது என்று இன்று உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டு கதைகளையும் மிட்செல் நூலகத்தில் வைத்துத்தான் படித்தேன். 1877இல் தொடங்கிய பெரிய நூலகம் அது. செம்பு பச்சை பூத்த குவிமாடம் தூரத்திலிருந்தே தெரியும். இரவுப் பணி முடிந்து வந்து, நண்பகல் வரை தூங்கி எழுந்து, அங்கே போய் உட்கார்ந்தேன் என்றால் மூடும் வரை இருப்பேன். உள்ளே நல்ல கதகதப்பு இருப்பதால் அறையில் ஹீட்டர் போட வேண்டிய தேவையே இருப்பதில்லை. அம்மாவிடம் இதைச் சொல், குளிரைப் பற்றிய கவலை குறையும்.

முதலில் பெயர்களைக் கவனி. அசிமோவின் சிறுமி மார்ஜி, பிராட்பரியின் சிறுமி மார்கோட். இரண்டுமே மார்கரெட் என்ற பெயரின் செல்ல வடிவங்களாக வழங்குபவை. ஒருவரைப் பார்த்து மற்றவர் வைத்த பெயர் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரே பெயர் கொண்ட இரண்டு பிள்ளைகளை அருகருகே நிறுத்திப் பார்த்தால், ஒருத்திக்கு இல்லாதது எது, மற்றவளுக்கு இல்லாதது எது என்பது பளிச்சென்று தெரிகிறது. மார்ஜிக்குப் பதினொரு வயது. 2157ஆம் ஆண்டு மே 17ஆம் நாள், பதின்மூன்று வயது டாமி பரணில் கண்டெடுத்த காகிதப் புத்தகத்தைப் பற்றி நாட்குறிப்பில் எழுதுகிறாள். அவளுக்குப் பாடம் சொல்வது, படுக்கையறைக்குப் பக்கத்து அறையில் இருக்கிற ஓர் இயந்திரம். முன்னொரு காலத்தில் பிள்ளைகள் எல்லாரும் ஒரே கட்டடத்தில் கூடிப் படித்தார்கள், மனிதர் ஒருவர் சொல்லிக்கொடுத்தார் என்பதை அந்தப் புத்தகத்தில்தான் அறிகிறாள். மார்கோட்டுக்கு ஒன்பது வயது. ஏழாண்டுக்கு ஒருமுறை மட்டுமே சிறிது நேரம் வெயில் காய்கிற, மற்ற நாளெல்லாம் மழை பெய்கிற வெள்ளிக் கிரகத்தில், நிலத்தடி நகரத்துப் பள்ளியில் படிக்கிறாள். நான்கு வயது வரை பூமியில், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் இருந்தவள். வகுப்பில் வெயிலை நினைவில் வைத்திருக்கிறவள் அவள் ஒருத்திதான். வெயில் வரப்போகிற அன்று மற்றப் பிள்ளைகள் அவளைச் சாமான் அறையில் தள்ளிப் பூட்டிவிடுகிறார்கள்.

உன் கட்டுரை இங்கிருந்து தொடங்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது: மார்ஜி தான் கண்டேயிராத ஒன்றுக்கு ஏங்குகிறாள், மார்கோட் கண்டு இழந்த ஒன்றுக்கு ஏங்குகிறாள். இந்த வேறுபாடுதான் இரண்டு ஆசிரியர்களும் பாத்திரத்தைப் படைக்கிற முறையையே மாற்றிவிடுகிறது. மார்ஜி எப்படி இருப்பாள் என்று அசிமோவ் சொல்வதே இல்லை. அவள் கேட்கிற கேள்விகள், அதற்கு டாமி பெரிய மனிதன் போலச் சொல்கிற பதில்கள், இவற்றால்தான் அவளை நாம் அறிகிறோம். புவியியலில் தொடர்ந்து மதிப்பெண் குறைந்ததால் அம்மா வரவழைத்த ஆய்வாளர் இயந்திரத்தைக் கழற்றிப் போட்டபோது, அதைத் திரும்பப் பூட்ட அவருக்குத் தெரியாமல் போகட்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொள்கிறாளே, அந்த ஓர் இடம் போதும். பள்ளிக்குப் போகப் பிடிக்காத எல்லாப் பிள்ளைகளும் அதில் இருக்கிறார்கள். மார்கோட்டோ அதிகம் பேசுவதில்லை. அவளைப் பிராட்பரி உடம்பால் எழுதுகிறார்: கண்ணின் நீலத்தையும் உதட்டின் சிவப்பையும் கூந்தலின் மஞ்சளையும் மழையே கழுவிக்கொண்டு போய்விட்டது போல அவள் வெளிறிப் போயிருக்கிறாள். விளையாட அழைத்தால் அசைவதில்லை. பள்ளிக் குளியலறையில் தண்ணீர் தன் தலையில் படக்கூடாது என்று காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறாள். வெயில் ஒரு காசு போல இருக்கும் என்று அவள் சொன்னால், உனக்கு அது நினைவே இல்லை, பொய் சொல்கிறாய் என்கிறார்கள்.

‘தொழில்நுட்பத்தின் தீமை’ என்று கருப்பொருளை ஒரே வரியில் முடித்துவிடாதே, பாப்பா. சி.பி.எஸ்.இ. ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் அசிமோவின் கதை பல ஆண்டுகள் முதல் பாடமாக இருந்தது. சித்தப்பா மகன் அதைத் திண்ணையில் சத்தம் போட்டுப் படித்ததை நீயும் கேட்டிருப்பாய். அவன் அன்று மனப்பாடம் செய்ததும் இந்தத் ‘தீமை’யைத்தான். கதையைப் பொறுமையாகப் படித்தால் அது நிற்காது. அந்த ஆய்வாளர் நல்லவர். மார்ஜிக்கு ஓர் ஆப்பிள் கொடுக்கிறார், தலையைத் தட்டிக்கொடுக்கிறார், குற்றம் பிள்ளையுடையது இல்லை, புவியியல் பகுதி கொஞ்சம் வேகமாக ஓடிவிட்டது என்கிறார். இயந்திரம் அவளைத் திட்டுவதில்லை. சனி, ஞாயிறு தவிர நாள்தோறும் அதே நேரத்தில் அவளுக்காகக் காத்திருக்கிறது. அங்கே அவளுக்கு இல்லாதது பக்கத்தில் உட்கார ஒரு பிள்ளை, அவ்வளவுதான். கதையின் கடைசியில் திரை பின்னங்களைக் கூட்டச் சொல்லிக்கொண்டிருக்க, அவள் அந்தக் காலத்துப் பிள்ளைகள் முற்றத்தில் சிரித்து, சேர்ந்து உட்கார்ந்து, சேர்ந்தே வீடு திரும்பியதை நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

இப்போது மற்றக் கதைக்கு வா. மார்ஜி ஏங்குகிற பள்ளிக்கூடம் மார்கோட்டுக்கு இருக்கிறது. ஒரே வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள், மனித ஆசிரியர் இருக்கிறார், சேர்ந்து ஓடவும் விளையாடவும் இடம் இருக்கிறது. அந்தப் பள்ளிக்கூடம்தான் அவளைப் பூட்டி வைக்கிறது. ஆசிரியை திரும்பி வந்து எல்லாரும் இருக்கிறீர்களா என்று கேட்கிறார். இருக்கிறோம் என்று பிள்ளைகள் சொன்னதும் எண்ணிப் பார்க்காமல் கதவைத் திறந்துவிடுகிறார். மார்ஜி ஒருநாள் வராவிட்டால் அவளுடைய இயந்திரத்துக்குத் தெரிந்திருக்கும். மார்கோட் இல்லாதது மனிதருக்குத் தெரியவில்லை. என்னைக் கேட்டால் உன் கட்டுரையின் நடுத்தூண் இதுதான். தனியாக இருக்கிற பிள்ளை கூட்டத்துக்கு ஏங்குகிறது. கூட்டத்தில் இருக்கிற பிள்ளை தனியாகிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான், மார்ஜி நினைத்து மகிழ்கிற அந்தப் பழைய பள்ளி முற்றத்தில் அழுதுகொண்டு நின்றவர்களும் இருந்திருப்பார்கள் என்பது புரிகிறது. அசிமோவின் கதையை மட்டும் படித்தவருக்கு அது தோன்றாது.

மாறுகிற பாத்திரம் யார் என்றும் கேள். மார்ஜி கதை முடியும்போது ஒரு புதிய ஏக்கத்தோடு இருக்கிறாள். பிராட்பரியின் கதையில் மார்கோட் மாறுவதை நாம் பார்ப்பதில்லை. மாறுவது அந்தப் பிள்ளைகள். வெயிலில் ஓடித் திளைத்துவிட்டு, உள்ளங்கையில் விழுந்த முதல் துளியைப் பார்த்து ஒரு சிறுமி அழுகிற வரையில், மார்கோட் சொன்னது என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்த பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல், மெதுவாக நடந்து போய், அதைவிட மெதுவாகத் தாழ்ப்பாளை நீக்கி அவளை வெளியே விடுகிறார்கள். அத்தோடு கதை முடிகிறது. அவள் முகத்தைப் பிராட்பரி காட்டவில்லை. முன்பு அவ்வளவு விரிவாக வருணித்த முகத்தை இங்கே காட்டாமல் விட்டதை மறக்காமல் எழுது.

வெள்ளியில் மழை பெய்யாதே என்று யாராவது கேட்டால் தயங்காதே. பிராட்பரியின் கதை வெளிவந்தது 1954இல். மேகம் மூடிய அந்தக் கிரகத்துக்குள் ஈரமும் காடும் இருக்கலாம் என்று அப்போது எண்ணினார்கள். 1962இல் மாரினர் 2 விண்கலம் அருகே போய்ப் பார்த்த பிறகுதான் அது கொதிக்கிற உலகம் என்பது உறுதியாயிற்று. தரையில் வெப்பம் ஏறக்குறைய 460 டிகிரி செல்சியஸ். அறிவியல் பொய்த்துப்போன பின்பும் கதை நிற்கிறது என்றால், அது மழையைப் பற்றிய கதை மட்டும் இல்லை என்று பொருள். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். இருவரும் 1920இல் பிறந்தவர்கள். அசிமோவ் ரஷ்யாவில் பிறந்து மூன்று வயதில் பெற்றோரோடு அமெரிக்காவுக்குப் போனவர்; பிராட்பரி அமெரிக்காவிலேயே பிறந்தவர். ஊர்விட்டு ஊர் வந்த பிள்ளையின் கதையை எழுதியவர் பிராட்பரி என்பது எனக்கு வியப்பாக இருந்தது.

வெயிலைக் காசு என்று ஒரு பிள்ளை சொல்ல வேண்டுமென்றால் அதற்கு வெயில் எவ்வளவு அரிதாகியிருக்க வேண்டும்! நம் வீட்டில் யாரும் வெயிலை எதனோடும் ஒப்பிட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் நாம் மழையைத்தான் கொண்டாடுவோம். இங்கே டிசம்பர் கடைசியில் காலை எட்டே முக்கால் மணிக்குத்தான் விடியும், பிற்பகல் மூன்றே முக்காலுக்கே பொழுது சாய்ந்துவிடும். இரவுப் பணி செய்கிறவன் வெளிச்சத்தைப் பார்க்காமலேயே ஒரு வாரத்தைக் கழித்துவிடலாம். மழை நம் ஊரைப் போலக் கொட்டுவதில்லை, ஓய்வதும் இல்லை. கீழ்வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார், ஆச்சியின் வயது. வெயில் தலைகாட்டியதும் படியேறி வந்து எல்லார் கதவையும் தட்டி, வெயில் வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, நாற்காலியை வாசலில் போட்டு, கம்பளிக் கோட்டோடு கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். முதலில் எனக்கு இது விசித்திரமாக இருந்தது. சென்ற மாதம் ஒருநாள் பணி முடிந்து வந்து படுத்திருந்தபோது தட்டினார், நான் எழுந்திருக்கவில்லை. அன்று மாலைதான் நூலகத்தில் பிராட்பரியின் கதையைப் படித்தேன். அதற்குப் பிறகு அவர் தட்டி நான் ஒருநாளும் திறக்காமல் இருந்ததில்லை.

அந்தக் கதையில் ஒரு வரி வருகிறது. மார்கோட்டை அடுத்த ஆண்டு பூமிக்கே கூட்டிக்கொண்டு போய்விடலாமா என்று அவளுடைய பெற்றோர் பேசிக்கொள்வதாகவும், அப்படிப் போனால் குடும்பத்துக்குப் பல ஆயிரம் டாலர் நட்டம் என்றும் பிராட்பரி போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறார். கட்டுரையில் அதற்கு இடம் இருக்காது. நான் அந்த வரியைத் தாண்ட முடியாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மாசி பிறந்துவிட்டது, ஆச்சி மொட்டைமாடியில் வேட்டியை விரித்துக் கூழ் வத்தல் பிழிந்துகொண்டிருப்பார், நீ குடையோடு காக்கை விரட்டிக்கொண்டே பாதி மாவைப் பச்சையாகத் தின்றுகொண்டிருப்பாய், அந்தச் சூடான செங்கல் தரையில் வெறுங்காலோடு நிற்க முடியாமல் நாம் இருவரும் மாறி மாறிக் காலைத் தூக்கிக்கொண்டு நிற்போமே, அதெல்லாம் நினைவுக்கு வந்து, நூலகத்தில் எதிரே இருந்தவர் ஏதாவது வேண்டுமா என்று கேட்கும்படி ஆகிவிட்டது. ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். இதை அம்மாவிடம் வாசித்துக் காட்ட வேண்டாம்.

வீட்டு விஷயங்களுக்கு வருகிறேன். இந்த மாதப் பணம் பத்து நாள் தள்ளி வரும், வங்கியில் சிறு தாமதம். கூட்டுறவுச் சங்கத்துக் கடனுக்கு வட்டி கட்டுகிற நாள் அதற்கு முன்னால் வந்தால், அக்காவிடம் வாங்கிக் கட்டச் சொல், நான் அத்தானிடம் பேசிக்கொள்கிறேன். சித்திரைக்கு வர விடுப்பு கிடைக்கவில்லை. கீழத்தெரு வீட்டுப் பட்டாவில் பெரியப்பா கையெழுத்துப் போடத் தயங்குவதாக எழுதியிருந்தாய். அவரை வற்புறுத்த வேண்டாம், தாத்தாவின் பத்திரத்தை நகல் எடுத்து அவரிடம் ஒன்று கொடுத்து நிதானமாகப் படித்துப் பார்க்கச் சொன்னால் அவரே சம்மதிப்பார். தரகர் கொண்டுவந்த சாதகத்தைப் பற்றி மதுரைச் சித்தி அம்மாவிடம் பேசினாராம். உன் எம்.ஏ. முடிகிற வரை அந்தப் பேச்சே வேண்டாம் என்று அப்பாவுக்கு நான் தனியாக எழுதுகிறேன். நீ கட்டுரையை எழுது.

அப்பாவுக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை பங்குனி முதல் வாரம் என்கிறார்கள். அவருக்குச் சர்க்கரை இருப்பதால் முந்தைய நாள் இரத்தப் பரிசோதனை செய்த சீட்டை மறக்காமல் எடுத்துப் போக வேண்டும். திருநெல்வேலிக்குப் பேருந்தில் போக வேண்டாம், அத்தானின் வண்டியில் போங்கள். கட்டு அவிழ்க்கிற அன்று கூட்டத்தில் யாராவது ஒருவர் இருப்பார்கள் என்று எல்லாரும் இருந்துவிடக் கூடாது. நீ கல்லூரிக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே இரு. எத்தனை மணிக்கு அவிழ்க்கிறார்கள் என்று எழுது. நம் ஊர்க் கடிகாரத்துக்கு இங்கே ஐந்தரை மணி நேரம் பின்னால். எந்த நேரமானாலும் நான் விழித்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் அன்பு அண்ணன்