ஒற்றைப் பதிவில் எழுதப்படும் சுயமுன்னேற்றம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புறக்கோட்டை ஐந்தாம் குறுக்குத் தெருவில் மொத்த வியாபாரக் கடையொன்றில் 38 ஆண்டுகள் கணக்கெழுதி, ஓய்வு பெற்று, இப்போது வெள்ளவத்தையில் வசித்து வருபவன் நான். கொழும்பில் இன்று பெருகிவரும் சுயமுன்னேற்றப் பயிலரங்குகளைப் பற்றியும், நோக்கமுள்ள வாழ்வு என்று அங்கே பேசப்படுவதைப் பற்றியும், கணக்கு எழுதியவன் என்ற முறையில் எனக்குத் தோன்றிய சிலவற்றைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

சென்ற ஆண்டின் இறுதியில், ஓய்வுக்குப் பின் நான் சோர்ந்து கிடப்பதாக எண்ணிய என் மகன், 7,500 ரூபாய் கட்டி இத்தகைய பயிலரங்கு ஒன்றுக்கு என்னை அனுப்பி வைத்தான். காலி வீதியில் உள்ள ஒரு ஹோட்டல் மண்டபம் நிறைந்திருந்தது. மூன்று மணி நேரம் நடந்த அந்நிகழ்வில் எழுந்து நின்று கைதட்டினோம், பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து "நீங்கள் வெல்வீர்கள்" என்று சொன்னோம், பின்னர் ஆளுக்கொரு அட்டை தந்து வாழ்க்கையின் நோக்கத்தை ஒரே வசனத்தில் எழுதும்படி கேட்டார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த தம்பி, வங்கியொன்றில் வேலை செய்பவராம், 2030க்குள் சொந்த வீடு என்று ஒரு நொடியில் எழுதி முடித்துவிட்டார். எனக்கு எழுத எதுவும் வரவில்லை. வெறும் அட்டையோடு வீடு திரும்பினேன். 21 நாட்கள் விடாமல் ஒன்றைச் செய்தால் அது பழக்கமாகிவிடும், வாழ்க்கை மாறிவிடும் என்பதே அன்று மேடையில் பலமுறை சொல்லப்பட்ட வாக்கியம்.

எண் ஒன்றைக் கேட்டால் அது எந்தப் பற்றுச்சீட்டிலிருந்து வந்தது என்று தேடுவது என் தொழில் நோய். தேடினேன். மக்ஸ்வெல் மோல்ட்ஸ் என்ற அமெரிக்க ஒட்டறுவைச் சிகிச்சை நிபுணர் 1960இல் வெளியிட்ட நூலொன்றில், முகத்தில் சிகிச்சை செய்துகொண்டவர்கள் தங்கள் புதிய முகத்துக்குப் பழக ஏறத்தாழ 21 நாட்களாவது ஆகின்றன என்று எழுதியிருக்கிறார். குறைந்தது 21 என்று அவர் சொன்னதில் "குறைந்தது" என்ற சொல் காலப்போக்கில் காணாமற்போக, முகத்துக்குச் சொன்னது எல்லாப் பழக்கத்துக்கும் விதியாகிவிட்டது. 2010இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரை வைத்து இதை அளந்து பார்த்தார்கள். காலை உணவுக்குப் பின் ஒரு கோப்பை தண்ணீர் குடிப்பது போன்ற சிறிய செயல் ஒன்றைத் தெரிந்தெடுத்துத் தினமும் செய்தவர்கள் அவர்கள். அது தன்னியல்பாக வருவதற்குச் சிலருக்கு 18 நாட்கள் போதுமாயிருந்தன. சிலருக்கு 254 நாட்கள் வேண்டியிருக்கும் என மதிப்பிடப்பட்டது. அனைவரையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண், அதாவது இடையம், 66 நாட்கள். அதிலும் அரைவாசிக்கும் குறைவானோரின் தரவுகளே, பழக்கம் வளரும் விதத்தைக் காட்ட ஆய்வாளர்கள் வரைந்த வளைகோட்டுக்கு நன்றாகப் பொருந்தின என்பதையும் சொல்லியாக வேண்டும். எனக்கு ஆறுதல் தந்தது வேறொரு முடிவு: இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் குலைந்துவிடவில்லை. இருபத்திரண்டாம் நாள் பழைய ஆளாகவே விழித்தெழுந்து, தன்னிடம்தான் ஏதோ குறை என்று ஒதுங்கிக்கொள்ளும் இளைஞர்களுக்கு இதை யாராவது எடுத்துச் சொல்லக்கூடாதா?

அட்டையில் எழுத வராத எனக்குக் கொப்பியில் எழுத வரும். 38 ஆண்டுகள் கடை பூட்டுவதற்கு முன் காசேட்டை முடித்து, கையிருப்பை எண்ணி, சரிபார்த்துவிட்டே பஸ் ஏறியவன், சொந்த நாளை ஒருமுறையேனும் அப்படி முடித்ததில்லை என்பது அந்த வெற்று அட்டையைப் பார்த்தபோதுதான் உறைத்தது. 80 பக்கச் சி.ஆர். கொப்பி ஒன்றை வாங்கி, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அன்றைய நாளை இரண்டு மூன்று வரிகளில் எழுதத் தொடங்கினேன். எனக்கு நானே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு ஒன்றே ஒன்று. நல்லவன், கெட்டவன், சோம்பல், பொறுமை என்ற சொற்கள் கூடாது. யாரிடம், எப்போது, என்ன நடந்தது என்பது மட்டுமே வரவேண்டும். காசேட்டில் "நல்ல வியாபாரம்" என்று எவரும் எழுதுவதில்லையே.

நான் பொறுமைசாலி என்பது என் நெடுநாள் எண்ணம். கடையிலும் அப்படித்தான் பெயர். முதல் முப்பது நாட்களைக் கூட்டிப் பார்த்தபோது, பதினேழு நாட்களில் வீட்டில் யாரையாவது வெடுக்கென்று பேசியிருந்தேன். அதைவிடச் சங்கடமான வரி இன்னொன்று இருந்தது. பருத்தித்துறையில் தனித்திருக்கும் என் அக்காவுக்கு "இன்றும் தொலைபேசி எடுக்கவில்லை" என்று பதினொரு நாட்கள் தொடர்ச்சியாக, ஒரே கையெழுத்தில், ஏறத்தாழ ஒரே சொற்களில் எழுதி வைத்திருந்தேன். எல்லாக் கணக்குகளின் மீதிகளையும் இருபக்கமாகக் கூட்டிச் சரிபார்க்கும் பரீட்சை மீதி பொருந்தாதபோது வித்தியாசத்தைத் தொங்கல் கணக்கில் போட்டுவிட்டு, நேரம் கிடைக்கும்போது பிழையைத் தேடலாம் என்று வைப்போம். கணக்கியலில் அது தற்காலிக ஏற்பாடு. நான் அக்காவை ஆண்டுக்கணக்கில் அங்கேயே விட்டு வைத்திருந்தேன்.

இவ்விடத்தில் எங்கள் கடையில் மூட்டை சுமந்த நாட்டாமை ஒருவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. கூலியில் ஒரு பகுதியை முதலாளியிடமே விட்டு வைத்து, மாதக் கடைசியில் ஊருக்கு அனுப்புவார். ஒவ்வொரு சனிக்கிழமையும் என் மேசைக்கு முன்னால் நின்று தன் கணக்கை வாசிக்கச் சொல்வார். இடையில் சாராயத்துக்காக வாங்கிய முற்பணம் வந்தால், "அந்த வரிய இன்னொரு தடவ வாசிங்கய்யா" என்பார். வாசிப்பேன். தலையைக் குனிந்தபடி கேட்டுவிட்டுப் போய்விடுவார். குடியை அவர் முற்றாக விட்டார் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஆண்டுகள் போகப் போக அந்த வரிகள் அருகிப்போயின. அவருக்குக் கணக்கு வாசித்த நான் அந்த மனிதர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதைப் புரிந்துகொள்ள இத்தனை காலம் ஆனது.

இது புதிய வித்தையும் அன்று. ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் உரோமில் வாழ்ந்த செனெகா என்ற அறிஞர், இரவில் விளக்கை அகற்றி, தன் வழக்கத்தை அறிந்த மனைவியும் பேச்சை நிறுத்திய பின், அன்றைய நாள் முழுவதையும் தன்னெதிரே நிறுத்தி விசாரித்ததாக எழுதியிருக்கிறார். அவர் பிடித்த குற்றங்களும் நம்முடையவை போன்றவையே: அந்த வாதத்தில் அளவுக்கு மிஞ்சிச் சண்டை பிடித்தாய், இன்னாரைத் திருத்தப் போய்ப் புண்படுத்தினாய் என்ற அளவிலானவை. 18ஆம் நூற்றாண்டு அமெரிக்கரான பெஞ்சமின் பிராங்ளின் ஒருபடி மேலே போய், சிறு ஏடொன்றில் சிவப்பு மையால் கட்டம் கீறி, பண்பு ஒன்றுக்கு ஒரு பக்கமாக ஒதுக்கி, வாரத்துக்கு ஒன்றாக எடுத்து, தவறியபோதெல்லாம் கரும்புள்ளி இட்டார். முதலில் அவரது பட்டியலில் பன்னிரண்டு பண்புகளே இருந்தன. நீ கர்வம் பிடித்தவன் என்று பலர் நினைக்கிறார்கள் என ஒரு நண்பர் சொன்ன பிறகே பதின்மூன்றாவதாகப் பணிவைச் சேர்த்தார். அத்தனை நுணுக்கமாகத் தன்னைக் கண்காணித்தவரின் முதற் பட்டியலிலேயே மிகப் பெரிய குற்றத்துக்கு ஓர் இடம் இல்லாதிருந்தது. தன் கணக்கைத் தானே ஆய்வு செய்துகொள்ளும் கம்பனியை எந்தக் கணக்காய்வாளர் நம்புவார்?

என் வீட்டுக் கணக்காய்வு மூன்றாம் மாதத்தில் நடந்தது. இரவு கொப்பியை மூடும்போது என் மனைவி கேட்டார்: "கொப்பியிலை எழுதிப்போட்டு நீங்கள் நிம்மதியாப் படுத்திடுறியள். என்னைப் பேசினதுக்கு எனக்கு ஒரு வார்த்தையும் சொல்லேல்லையே?" எனக்குப் பதில் இல்லை. அவரைக் கடிந்து பேசிய நாட்களையெல்லாம் திகதியோடு பதிந்திருந்தேன், பதிந்ததில் ஒரு திருப்தியும் கண்டிருந்தேன்; அவரிடம் போய்ச் சொன்ன நாள் ஒன்றுகூட அதில் இல்லை. இரட்டைப் பதிவு முறையில் ஒவ்வொரு வரவுப் பதிவுக்கும் சமமான செலவுப் பதிவு வேறொரு கணக்கில் விழவேண்டும் என்று எத்தனையோ பயிலுநர்களுக்குச் சொல்லிக் கொடுத்த நான், என் வாழ்க்கையை ஒற்றைப் பதிவில் எழுதிக்கொண்டிருந்தேன். பயிலரங்குகளில் என்னை உறுத்தியதும் இதுதான் என்று அப்போது விளங்கியது. அங்கே எல்லாம் என் இலக்கு, என் காலைப் பொழுது, என் வெற்றி. எதிர்ப்பக்கத்தில் யாருடைய பெயரும் இல்லை.

அன்றிலிருந்து கொப்பியின் நடுவே ஒரு கோடு கீறியிருக்கிறேன். இடப்பக்கம் நடந்தது, வலப்பக்கம் அதற்காக மற்றவரிடம் போய்ச் செய்தது. வலப்பக்கம் பல நாட்கள் வெறுமையாகவே கிடக்கிறது. அக்காவுக்கு ஞாயிறு காலை ஏழு மணிக்கு எடுக்கிறேன். முதல் சில வாரங்கள் "என்னடா, யாருக்கும் சுகமில்லையோ?" என்று பதறிக்கொண்டேதான் எடுத்தார். இப்போது பத்து நிமிடம் பிந்தினால் அவரே எடுத்துவிடுகிறார். கொப்பியைத் தொடக்கத்திலிருந்து புரட்டினால் ஐந்து பெயர்களே திரும்பத் திரும்ப வருகின்றன. அட்டையில் எழுத வராத நோக்கம் எதுவென்று என்னைக் கேட்டால், இப்போது அந்த ஐந்து பெயர்களைத்தான் காட்டுவேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்டது. பகலில் அலுவலகம், இரவில் முச்சக்கரவண்டி என்று அன்று தொடங்கியவர்கள் பலர் இன்னும் நிறுத்த முடியாமல் ஓடுகிறார்கள். அவர்களைப் பார்த்து, உன் எண்ணத்தை மாற்று, எல்லாம் மாறும் என்று சொல்வது அநியாயம். விலைவாசி ஏறியது அவர்களுடைய மனப்பான்மையால் அன்று. நாளைத் திரும்பிப் பார்ப்பதற்கு இரவில் கால் மணி நேரம் கிடைப்பதே ஒரு வசதி என்பதை, ஓய்வூதிய வயதில் உட்கார்ந்து எழுதும் நான் மறந்துவிடக்கூடாது.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. வென்றவர்களின் பேட்டிகளோடு, ஒரு பழக்கத்தை மாற்ற முயன்று பாதியில் விட்டவர்களும், விட்டு மீண்டும் பிடித்தவர்களும் எழுதும் கடிதங்களுக்கு மாதத்தில் ஒருமுறையாவது சிறிது இடம் ஒதுக்குங்கள். எத்தனை நாள் சென்றது, எங்கே தடுக்கியது, வீட்டில் யார் என்ன சொன்னார்கள் என்று உள்ளபடி எழுதினால், மண்டபத்துக் கைதட்டலைவிட அது பலருக்கு உதவும்.

மகன் அடிக்கடி கேட்கிறான், அந்தக் காசு வீணாகிவிட்டதா என்று. பயிலரங்கில் சொன்ன எதையும் நான் கைக்கொள்ளவில்லை. ஆனால் அந்த வெற்று அட்டை இல்லாவிட்டால் கொப்பியும் இல்லை. செலவென்று எழுதவும் மனம் வரவில்லை, சொத்தென்று காட்டவும் கை வரவில்லை. 7,500 ரூபாயும் இப்போதைக்குத் தொங்கல் கணக்கில் கிடக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு-06.