பெயிண்டைப் பார்க்காதே, போல்ட்டைக் கழற்றிப் பார்

தருமபுரி

அன்புள்ள முருகேசா,

கடிதமும் படங்களும் கிடைத்தன. அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருப்பதில் வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. இங்கே மாங்காய் சீசன் முடிந்துவிட்டது. கிருஷ்ணகிரிப் பக்கம் கூழ் ஆலைகளுக்கு தோத்தாபுரி ஏற்றிப் போகும் டிராக்டர் வரிசையும் குறைந்துவிட்டது. ரோடு காலியாகக் கிடக்கிற இந்த மாதத்தில் உனக்குப் பழைய கியர் சைக்கிள் ஆசை வந்தது நல்லதுதான்.

பழைய சைக்கிள் விற்கும் பெங்களூருக்காரர் காட்டிய இரண்டில் எதை எடுக்கலாம் என்று கேட்டிருக்கிறாய். 22,000-க்கு நீல பெஜோ, பிரெஞ்சு வண்டி. 14,000-க்குப் பேர் தெரியாத, மறுபெயிண்ட் அடித்த சிவப்பு வண்டி. பெஜோ வேண்டாம். சிவப்பை நேரில் போய்ப் பார். சீட்டைத் தாங்கும் சீட் போஸ்டும் ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மும் கழன்று வந்தால் விலை பேசு. வராவிட்டால் பேசாமல் பஸ் ஏறி ஓசூர் வந்து சேர்.

பெஜோ மோசமான வண்டி என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் சொல்வதும் படமும் ஒத்துப்போகவில்லை. "ரெனால்ட்ஸ் 531 குழாய்" என்கிறார், அதாவது பந்தய பிரேமுக்கான மெல்லிய உயர்ரக எஃகு; ஸ்டிக்கரையும் காட்டுகிறார். படத்தில் தெரிவதோ காட்டர் பின் என்ற ஆப்பு ஆணி அடித்த கிராங்க் (பெடல் கை), சிம்ப்ளெக்ஸ் கம்பெனியின் பிளாஸ்டிக் டீரெய்லர் (செயினைப் பல் மாற்றும் கருவி), குரோம் பூசிய இரும்பு ரிம், மாஃபாக் பிரேக். இந்தச் சேர்க்கை பார்த்தால் யூ.ஓ-8 என்ற சாதா மாடல் போலத்தான் இருக்கிறது. 531-இல் செய்த பி.எக்ஸ்-10-க்கு அலுமினியக் கிராங்க் இருக்கும், காட்டர் பின் இருக்காது. ஸ்டிக்கர் யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். சந்தேகம் இருந்தால் சீட் போஸ்டை உருவி வெர்னியரில் அள. பிரெஞ்சு 531 பிரேமுக்கு 26.4 மி.மீ., ஆங்கிலேய 531-க்கு 27.2 மி.மீ. வரும். 24 வந்தால் குழாய்ச் சுவர் தடிமன், சாதா இரும்பு. 22,000 கொடுக்க அதில் ஒன்றும் இல்லை.

அதைவிடப் பெரிய தொந்தரவு மரை. அந்தக் காலத்து பிரெஞ்சு வண்டிகளில் எல்லாமே தனி அளவு. பாட்டம் பிராக்கெட், அதாவது கிராங்க் அச்சு சுழலும் கூடு, 35 மி.மீ. விட்டம், 1 மி.மீ. பிட்ச், இரண்டு பக்கமும் வலது மரை. நம்மிடம் சுலபமாகக் கிடைக்கும் ஆங்கில அளவில் செயின் பக்கக் கப் (பேரிங் கிண்ணம்) இடது மரை. ஓட ஓட அது தானாக இறுகும். பிரெஞ்சு வண்டியில் அதே கப் ஓட ஓடத் தளரும். பெடல் மரை 14 மி.மீ., நம்மூர்ப் பெடல் 9/16 அங்குலம். ஸ்டெம் 22.0, மற்ற வண்டிகளுக்கு 22.2. பின்சக்கரப் பல் கட்டான பிரீவீலின் மரையும் வேறு. காட்டர் பின் கூட 9 மி.மீ.; நம் கடைகளில் கிடைப்பது 9.5, அராவித்தான் ஏற்ற வேண்டும். பெடல் மரையை 9/16-க்கு மறுமரை எடுத்துவிடலாம், ஸ்டெம்மை உப்புக் காகிதத்தில் தேய்த்து இறக்கலாம். பாட்டம் பிராக்கெட் கப் குழி விழுந்திருந்தால் வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதைத் தவிர வழியில்லை. சேகரித்துச் சுவரில் மாட்ட ஆசைப்படுகிறவர் அந்தத் தலைவலியை ஏற்கலாம். நீ ஞாயிற்றுக்கிழமை ராயக்கோட்டை வழியாகக் கிருஷ்ணகிரிக்கு ஓட்ட நினைக்கிறாய்.

இன்னொன்று, குரோம் ரிம். வெயிலில் சுமாராகப் பிடிக்கும். நனைந்தால் பிரேக் கட்டை அதன்மேல் வழுக்கும். சில சுற்று சுற்றித் தண்ணீர் வழிந்த பிறகுதான் பிடிக்கவே ஆரம்பிக்கும். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கலுக்கு இறங்கும் கொண்டை ஊசி வளைவுகளில் மழை பிடித்தால் அந்தச் சில சுற்று ரொம்ப நீளம். அலுமினிய ரிம் இல்லாத வண்டியை மலை ரோட்டுக்கு எடுக்காதே.

இனி சிவப்பு. படத்தில் ஜப்பானிய ஷிமானோ கம்பெனியின் 600 வரிசைப் பாகங்கள் தெரிகின்றன. டீரெய்லரின் பின்பக்கம், கையின் உட்புறத்தில், இரண்டு எழுத்து அச்சாகி இருக்கும். முதல் எழுத்து வருடம், ஏ என்றால் 1976, இரண்டாவது மாதம். அவர் அனுப்பிய குளோஸப்பில் ஐ-சி என்று தெரிகிறது, 1984 மார்ச். பாகத்துக்கு அந்த வயது, பிரேமுக்கும் அதே வயது என்று உறுதி இல்லை. ஆனாலும் அந்தக் காலத்து ஜப்பானிய வண்டிகளில் மரை பெரும்பாலும் ஆங்கில அளவுதான், அதனால் உதிரி பாகத்துக்கு அலைய வேண்டியதில்லை. பாட்டம் பிராக்கெட் கூட்டின் அகலம் 68 மி.மீ. இருக்கிறதா என்று மட்டும் அளந்துகொள். 70 வந்தால் இத்தாலிய மரை.

போகும்போது வெர்னியர், 12 அங்குல இரும்பு ஸ்கேல், மூன்று மீட்டர் நூல், ஒரு காந்தம், டார்ச், 5, 6 நம்பர் ஆலன் கீ, 15-ஆம் நம்பர் ஸ்பேனர், ஒரு மரச் சுத்தி இவை பையில் இருக்கட்டும். பகலில் போ. ராத்திரி டியூப்லைட்டில் எந்த பிரேமும் நேராகத்தான் தெரியும்.

முதலில் உயரம். வெறுங்காலில் சுவரோடு நின்று கவட்டையிலிருந்து தரை வரை அள, அதை 0.67-ஆல் பெருக்கினால் சீட் டியூப் நீளம், பாட்டம் பிராக்கெட் நடுவிலிருந்து மேல்குழாயான டாப் டியூபின் மேல்விளிம்பு வரை, ஏறக்குறைய வரும். உனக்கு 82 செ.மீ. என்றால் 55. வண்டி 53-இலிருந்து 56-க்குள் இருந்தால் மேலே பார். 60 என்றால் மற்றது எதையும் பார்க்க வேண்டாம். சீட்டை இறக்கலாம், பிரேமை இறக்க முடியாது.

அடுத்தது பிரேம். மறுபெயிண்ட் என்றாலே ஏன் அடித்தார்கள் என்று கேள். துருவை மறைக்கவா, அடிபட்டதை மறைக்கவா? முன்னால் மோதிய வண்டி தன் கதையை ஸ்டெம் இறங்கும் ஹெட் டியூபுக்குப் பின்னால், அங்கிருந்து பெடல் பக்கம் இறங்கும் டவுன் டியூபின் அடிப்பக்கத்தில் எழுதி வைத்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு குழாய்கள் சேரும் மூட்டு உறையான லக் முடியும் இடத்திலிருந்து ஒரு சாண் தூரம் பெருவிரலால் மெதுவாகத் தடவு. மேடும் பள்ளமுமாக ஒரு சின்ன அலை தட்டினால் குழாய் மடங்கியிருக்கிறது. டாப் டியூபின் அடியிலும் அதே மாதிரி பார். அங்கே பட்டி பூசிச் சமன் செய்திருந்தால் விரலுக்குத் தெரியாது; காந்தத்தை வைத்து நகர்த்து. சுத்த இரும்பில் வெடுக்கென்று ஒட்டும், பட்டிக்கு மேல் வந்ததும் பிடி தளரும். அலையோ பட்டியோ இருந்தால் அந்த வண்டி இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். முன்சக்கரத்தைப் பிடிக்கும் போர்க்கையும் பக்கவாட்டில் நின்று பார்: ஹெட் டியூபின் கோடும் போர்க் காலின் மேல்பகுதி நேர்க்கோடும் ஒரே வாக்கில் போக வேண்டும். கால் பின்னுக்குத் தள்ளியிருந்தால் மோதியிருக்கிறது.

பிறகு நூல். பின்சக்கர அச்சு உட்காரும் டிராப்அவுட் ஒன்றில் கட்டி, ஹெட் டியூபைச் சுற்றி, அடுத்த டிராப்அவுட்டுக்கு இழுத்துக் கட்டு. சீட் டியூபிலிருந்து நூல் வரை இரண்டு பக்கமும் அள. வித்தியாசம் 2 மி.மீ. வரை பரவாயில்லை. சக்கரத்தைக் கழற்றி டிராப்அவுட் இடைவெளியையும் அள. 6 கியர் பிரீவீலுக்கு 126 மி.மீ. வர வேண்டும். பிற்பாடு 130 சக்கரம் போட ஆசைப்பட்டால் இரும்பு பிரேமை அந்த அளவுக்குக் குளிர் நிலையிலேயே விரிக்கலாம். அலுமினியத்தில் அதை நினைத்தே பார்க்காதே. லக் ஓரம், பின்சக்கரத்துக்குப் போகும் அடிக்குழாயான செயின்ஸ்டே சேரும் இடம், செயின் பக்க டிராப்அவுட், இங்கெல்லாம் பெயிண்டுக்குள் துருநிறத்தில் ஒரு மயிர்க்கோடு தெரிந்தால் அது விரிசல்.

இப்போது நான் முதலிலேயே சொன்ன சங்கதி. சீட் போல்ட்டைத் தளர்த்தி, சீட்டைப் பிடித்து இடவலமாகத் திருப்பு. அசைய வேண்டும். பிரேம் இரும்பு, போஸ்ட் அலுமினியம். கிரீஸ் இல்லாமல் வருஷக்கணக்கில் வியர்வையும் மழையும் இறங்கினால் இரண்டுக்கும் நடுவே உப்பிய ஆக்ஸைடு படிந்து கெட்டியாகிவிடும். துருப்பிடித்த போல்ட் மாதிரி எண்ணெய் விட்டால் விடும் என்று நினைக்காதே. அலுமினிய ஆக்ஸைடை எண்ணெய் கரைக்காது. அம்மோனியா சில நேரம் உதவும். கடைசி வழி காஸ்டிக் சோடாவில் போஸ்டையே கரைப்பது. ஹைட்ரஜன் வாயு கிளம்பும், கண்ணில் பட்டால் பார்வை போகும், வீட்டில் செய்கிற வேலையே இல்லை. ஸ்டெம்முக்கும் அதேதான்: மேலே இருக்கும் போல்ட்டை நான்கைந்து சுற்றுத் தளர்த்தி, போல்ட் தலையில் மரச் சுத்தியால் ஒரு தட்டு, உள்ளே ஆப்பு இறங்கிய சத்தம் கேட்கும். அப்புறம் முன்சக்கரத்தை முட்டிக்கு நடுவில் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரைத் திருப்பு. "எதற்கு சார் அதெல்லாம், நல்லாத்தான் இருக்கு" என்று விற்பவர் தடுத்தால் அதிலேயே பதில் கிடைத்துவிட்டது. போஸ்ட் வெளியே வந்தால் டார்ச் அடித்து உள்ளே பார். மேலாகத் தூசித் துரு இருந்தால் பயமில்லை, செதில் செதிலாக உதிர்ந்தால் பயம் உண்டு.

சுழல்கிற இடங்களைப் பற்றி உனக்கு அதிகம் சொல்ல வேண்டாம். நம்ம ஊர்க் கடையில் ஓவராயில் செய்கிறவருக்கு இருக்கும் கை, பெங்களூர் ஷோரூம் பையன்களுக்கு வராது. பின் ஹப்பில் ஒவ்வொரு பக்கமும் கால் அங்குல பால்ஸ் ஒன்பது, பாட்டம் பிராக்கெட்டில் ஒவ்வொரு பக்கமும் பதினொன்று. கப், கோனில் குழி இல்லையென்றால் புதுக் கிரீஸோடு தீர்ந்தது. ஹேண்டில்பார் திரும்பும் பேரிங்கான ஹெட்செட்டை மட்டும் கவனி. முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டில்பாரை மெதுவாகத் திருப்பு. நேர் நிலையில் வந்ததும் 'டக்' என்று உட்கார்ந்தால் கப்பில் பால்ஸ் தடம் பதிந்திருக்கிறது, ஹெட்செட் மாற்ற வேண்டும். பின் ஆக்சிலையும் சுழற்றிப் பார். பிரீவீல் ஹப்பில் செயின் பக்க பேரிங் உள்ளே தள்ளி இருப்பதால் ஆக்சில் அந்தப் பக்கம்தான் வளையும்; சுழலும்போது முனை வட்டமடித்தால் வளைந்திருக்கிறது. அது சின்னச் செலவு.

ரிம்மின் பக்கச் சுவரில் ஸ்கேலை வைத்துப் பார். பிரேக் தேய்த்துத் தேய்த்துச் சுவர் குழிந்திருந்தால் ரிம் ஆயுள் முடிந்தது. ஒருநாள் காற்றழுத்தத்திலேயே வெடிக்கும். பக்கவாட்டில் ஆடுவதைப் பெண்டு எடுத்துவிடலாம், பள்ளத்தில் விழுந்து தட்டையான ரிம்மை எடுக்க முடியாது. டயர் எண்ணைப் படித்து எழுதி வா. 622 என்றால் 700-சி, எங்கும் கிடைக்கும். 630 என்றால் 27 அங்குலம், தேட வேண்டும். 27 கேட்டால் சில கடைகளில் நம்ம பெரிய சைக்கிளின் 28 × 1½ டயரை எடுத்து நீட்டுவார்கள். அது 635, மாட்டும்போது சுலபமாக ஏறும், காற்று ஏற்றியதும் ரிம்மை விட்டுத் துள்ளிவிடும். 630 ரிம்மாக இருந்தால் பின்னால் 622-க்கு மாறலாம், பிரேக் கட்டையை 4 மி.மீ. இறக்க இடம் இருந்தால்.

செயினை 12 அங்குலத்துக்கு அள, பின்னின் நடுவிலிருந்து நடு வரை. 1/16 அங்குலம் கூடினால் செயின் மட்டும் போச்சு. 1/8 கூடினால் பிரீவீலும் சேர்ந்து போச்சு. புதுச் செயின் போட்டால் மிதிக்கும்போது பல்லைத் தாண்டும். அலுமினியக் கிராங்கில் பெடல் துளையைச் சுற்றியும், கை பிரியும் மூலையிலும் நகத்தால் கீறிப் பார். நகம் மாட்டும் கோடு இருந்தால் விரிசல். விழுந்ததா இல்லையா என்று தெரியாத அலுமினிய ஹேண்டில்பாரை நான் நம்பமாட்டேன். கிளாம்ப் அளவு 25.4-ஆ 26-ஆ பார்த்துப் புதுசு வாங்கிவிடு.

கியர் விஷயத்தில் உனக்கு ஏமாற்றம் இருக்கும். முன்னால் 52/42, பின்னால் 13–21 என்று எழுதியிருக்கிறாய். 42 பல்லை 21 பல்லால் வகுத்து, சக்கர அங்குலம் 27-ஆல் பெருக்கினால் கியர் அளவு 54 அங்குலம்; எண் கூடினால் மிதிக்கக் கனம். ஒகேனக்கலிலிருந்து பென்னாகரம் ஏற அது பந்தயக்காரன் கால் கேட்கும். 14–28 பிரீவீல் போட்டால் 40-க்கு இறங்கும். அந்தக் காலத்துக் குட்டை டீரெய்லர்கள் பலவற்றுக்கு 26 பல்தான் கணக்கு. 28 சில வண்டிகளில் ஒத்துக்கொள்ளும். மாட்டியதும் பெரிய பல்லுக்குக் கொண்டுபோய் டீரெய்லரின் மேல் குட்டிச் சக்கரம் உரசுகிறதா என்று பார்த்துவிட்டு ஓட்டு. செயின் நீளத்தையும் அப்போதே கூட்டவேண்டும். பழைய பிரீவீலைக் கழற்றும் டூல் எது பொருந்தும் என்று அங்கேயே அதன் காடிகளைப் படம் எடுத்து வை. டூல் இல்லாமல் செயின் பக்க ஸ்போக் ஒன்றைக்கூட மாற்ற முடியாது.

விலைக்கு வருவோம். வண்டி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் டயர் இரண்டு, டியூப் இரண்டு, செயின், கேபிள்கள், பிரேக் கட்டை நான்கு, டேப், கிரீஸ், இவை எப்படியும் மாறும். நான் 6,000 போடுகிறேன். பிரீவீலும் ஹேண்டில்பாரும் சேர்ந்தால் 8,000-ஐத் தொடும். 14,000-இல் தொடங்குகிறார், எல்லாம் கழன்று, பிரேம் நேராக இருந்தால் 10,000 சொல், 11,000-க்கு முடி. ஹெட்செட் 'டக்' என்றால் இன்னும் ஆயிரம் குறை. ஷிமானோ 600 என்று அவர் அழுத்திச் சொல்வார். கேட்டுக்கொள், அதற்காக விலை ஏற்றாதே.

பாட்டம் பிராக்கெட்டுக்கு அடியில் பிரேம் நம்பர் இருக்கும். மறுபெயிண்டில் அது மூடியிருந்தால் சுரண்டிப் படி. அராவி அழித்திருந்தால் அது திருட்டு வண்டியாக இருக்கலாம், கிளம்பிவிடு. நம்பரும் தொகையும் தேதியும் எழுதி அவர் கையெழுத்தோடு ஒரு ரசீது வாங்கு.

எடுத்துவிட்டால் முன்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டால் காரின் பின்சீட்டில் அடங்கும். இங்கே கொண்டு வா. வைஸ் இருக்கிறது, கிராங்க் புல்லரும் இருக்கிறது. போஸ்டையும் ஸ்டெம்மையும் கிரீஸ் தடவி மாட்டுவதிலிருந்து ஆரம்பிப்போம். புது டயரை மட்டும் அளவு பார்க்காமல் முன்கூட்டியே வாங்கிவிடாதே.

அன்புடன்,
பெருமாள்